இருட்டில் ஓடும் ரோலர் கோஸ்டரும் போடி மலை ரோப்வேயும்

இந்த எபிசோடை ஒரு நம்பரோட ஆரம்பிக்கலாம். மணிக்கு 45 கிலோமீட்டர். தேனியிலிருந்து போடிக்குப் போற பஸ்கூட இந்த வேகத்தைத் தாண்டிடும். ஃப்ளோரிடாவில் இருக்கிற டிஸ்னி வேர்ல்டில் 1975-ல் திறந்த ஸ்பேஸ் மவுண்டன் ரோலர் கோஸ்டரோட உச்ச வேகம் ஏறக்குறைய இவ்வளவுதான். அதுக்கே ஜனங்க தொண்டை கிழியக் கத்துறாங்க.

காரணம், அது மூடின கட்டடத்துக்குள்ள, இருட்டுல ஓடுது. அடுத்த வளைவு இடதா வலதான்னு கண்ணுக்குத் தெரியாது. உடம்பு முன்கூட்டியே தயாராக முடியாது. வேகத்தைக் கூட்டாம, பார்வையை மறைச்சே பயத்தைக் கூட்டுற டிசைன்.

வழக்கமான ரோலர் கோஸ்டர் பெட்டியில இன்ஜினே கிடையாது. சங்கிலி ஒரு தடவை மேலே இழுத்து விடும். அப்புறம் எல்லாம் புவியீர்ப்புதான். உராய்வுல ஆற்றல் குறைஞ்சுக்கிட்டே வரும். அதனால பின்னாடி வர்ற எந்த மேடும் முதல் மேட்டைவிடத் தாழ்வாத்தான் இருக்கணும்.

இதோட முன்னோர்கள் ரெண்டு பேர். ஒண்ணு, ரஷ்யாவோட பனிச்சறுக்கு மேடைகள். இன்னொண்ணு, சரக்கு ரயில். அமெரிக்காவில் பென்சில்வேனியாவிலுள்ள மாக் சங்க் என்ற ஊர்ல 1827-லிருந்து நிலக்கரி வண்டிகள் மலையிலிருந்து தானாவே உருண்டு இறங்கின. காலி வண்டிகளை மேலே இழுத்துட்டுப் போனது கோவேறு கழுதைகள். இறங்கும்போது அந்தக் கழுதைகளும் பெட்டியில ஏறித்தான் வந்தன! பிற்பாடு ஜனங்க காசு கொடுத்து அதுல போக ஆரம்பிச்சாங்க. 1884-ல் லாமார்கஸ் தாம்சன் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் 5 சென்ட் டிக்கெட்டுக்கு ஒரு சவாரியே கட்டிட்டார்.

மலைமேல சரக்கு, கீழே சந்தை. இதே கணக்கு நம்ம பக்கமும் இருந்துச்சு. மூணாறு தேயிலையைச் சமவெளிக்குக் கொண்டுவர, 1902-ல் மூணாறுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் நடுவுல ஒற்றைத் தண்டவாளம் போட்டாங்க. சின்னச் சக்கரம் தண்டவாளத்துல, பெரிய சக்கரம் ரோட்டுல. இழுத்தது காளைகள். 1908-ல் அது 2 அடி அகலக் குட்டி ரயிலா மாறுச்சு. டாப் ஸ்டேஷன் சுமார் 1,700 மீட்டர் உயரத்துல இருக்கு. அங்கிருந்து ரோப்வேயில் தேயிலை தொங்கிக்கிட்டே 5 கிலோமீட்டர் இறங்கி, தேனி மாவட்டத்துக் கொட்டகுடிக்கு வந்து சேரும். இந்த முனைக்குப் பேரே பாட்டம் ஸ்டேஷன். அப்புறம் மாட்டு வண்டியில போடி.

1924 ஜூலை வெள்ளம் அந்த ரயில் பாதையை அடிச்சுட்டுப் போயிடுச்சு. திரும்பக் கட்டவே இல்லை. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது அதுக்கு 4 வருஷம் கழிச்சு, 1928-ல்.

எனக்கு உறுத்துற விஷயம் இதுதான். மாக் சங்க்ல கழுதைக்குக்கூட இறங்க ஒரு பெட்டி இருந்துச்சு. இங்கே தேயிலை இறங்க கம்பி இருந்துச்சு. அந்தத் தேயிலையைப் பறிக்க நம்ம ஊர்கள்ல இருந்து போன குடும்பங்கள், மூட்டை முடிச்சோட, பிள்ளைகளைத் தூக்கிக்கிட்டு நடந்தே மலையேறுனாங்க. ரயிலுக்கும் ரோப்வேக்கும் வருஷக்கணக்கு இருக்கு. அவங்க நடைக்கு இல்லை.

உங்க வீட்டுல யாராவது அந்தக் காலத்துல மலைக்கு வேலைக்குப் போயிருந்தா, எந்த வழியா ஏறுனாங்க, எங்கே ராத்தங்குனாங்கன்னு பெரியவங்ககிட்ட கேளுங்க. ஃபோன்ல ரெக்கார்டு பண்ணி வைங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.