மொழி அறியாச் சிறுவரும் மாநிலத்தின் கடமையும்

வேற்றுமொழி வழங்கும் நகரில் வந்து குடியேறும் குடும்பத்தில், மொழியின் சுமையை முதலில் தாங்குவது பள்ளிக்குச் செல்லும் குழந்தை. தந்தைக்கு அலுவலகத்தில் ஆங்கிலம் துணை நிற்கிறது. தாய்க்குக் காய்கறி வண்டிக்காரனிடம் கைவிரல்களே போதும். ஆறு வயதுக் குழந்தைக்கோ இரண்டும் இல்லை. அது கரும்பலகையை விழித்துப் பார்க்கிறது. பக்கத்துப் பிள்ளை எழுதுவதைப் பார்த்து எழுதுகிறது. மணி அடித்ததும் வீடு வந்து சேர்கிறது. நம் காலனியில் இதை அறியாத வீடு இராது. ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று நம் சங்கத்தார் கேட்டபோது, இதே துன்பத்தை இலட்சக்கணக்கில் கண்ட வேறொரு நாடு அதற்கு என்ன வழி தேடிற்று என்று எழுதலாமெனத் தோன்றியது. நாம் எடுத்துக்கொண்டது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம்.

அம்மாநிலத்தில் ஆங்கிலம் பிந்தி வந்த மொழி. அது மெக்ஸிகோவின் பகுதியாக இருந்த நாளில் ஸ்பானிய மொழியே அங்கு ஆட்சி செய்தது. 1849-ஆம் ஆண்டு வகுத்த முதல் அரசியலமைப்பு, சட்டங்களை ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் வெளியிட வேண்டும் என்று விதித்தது. முப்பது ஆண்டுகள் கழித்து, 1879-இல் எழுதிய புதிய அரசியலமைப்பு அந்த உரிமையை எடுத்துவிட்டது. பொன் தேடியும் இருப்புப்பாதை வேலைக்கும் வந்த சீனரின் நிலை இன்னும் மோசம். 1885-இல் சீனச் சிறுமி ஒருத்தியைப் பொதுப்பள்ளியில் சேர்க்க மறுக்கலாகாது என மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறியதும், ஸான்பிரான்ஸிஸ்கோ நகரத்தார் சீனப் பிள்ளைகளுக்கென்று தனிப்பள்ளி ஒன்றைத் திறந்து தீர்ப்பின் பயனைத் தட்டிக் கழித்தனர். சட்டத்தைப் பணிந்தவாறே மீறும் கலை எல்லா நாட்டுக்கும் பொது போலும்!

பள்ளியில் ஆங்கிலம் தவிர வேறு மொழியில் பாடம் சொல்லலாகாது என்றிருந்த தடையைக் கலிபோர்னியா 1967-இல் நீக்கிற்று. அதற்குக் கையெழுத்திட்டவர் அப்போது கவர்னராயிருந்த ரொனால்ட் ரீகன். மறு ஆண்டு, இருமொழிக் கல்விக்கு மத்திய அரசு பொருளுதவி செய்யும் சட்டத்தில் ஜனாதிபதி ஜான்ஸன் ஒப்பமிட்டார். அவர் இளமையில் டெக்ஸஸ் மாநிலத்துக் கோடுல்லா என்னும் ஊரில் மெக்ஸிகோ நாட்டு ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர். ஆயினும் இவையெல்லாம் அனுமதியும் உதவியுமேயன்றிக் கட்டளை அல்ல. கட்டளை பிறந்தது ஒரு வழக்கினால்.

1971-இல் நீதிமன்ற ஆணைப்படி ஸான்பிரான்ஸிஸ்கோவின் பள்ளிகள் இனவேறுபாடின்றிச் சீரமைக்கப்பட்டன. அப்போது ஆங்கிலம் பேச அறியாத சீன மாணவர் 2,856 பேர் இருந்ததாகக் கணக்கு. அவர்களுள் ஏறத்தாழ 1,000 பேருக்கு ஆங்கிலத்தில் தனி உதவி கிடைத்தது. எஞ்சிய 1,800 பேருக்கு எவ்வித உதவியும் இல்லை. அவர்கள் சார்பில் தொடுக்கப்பட்டதே 'லாவ் எதிர் நிக்கல்ஸ்' என்னும் வழக்கு. கீழ்க்கோர்ட்டுகள் இரண்டிலும் தோல்வி. எல்லோருக்கும் ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர், ஒரே பாடத்திட்டம் தந்தாயிற்று. குழந்தை கொண்டுவரும் குறைபாடு பள்ளியின் குற்றமாகுமோ என்பது அவற்றின் கருத்து. மேலுக்குப் பார்த்தால் நியாயமாகவே படும் வாதம் இது.

1974-ஆம் ஆண்டு ஜனவரி 21-ஆம் நாள், அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக இவ்வாதத்தைத் தள்ளிற்று. தீர்ப்பை எழுதிய நீதிபதி வில்லியம் டக்ளஸ், மாநிலத்தின் சட்டப்புத்தகத்தையே எடுத்து மாநிலத்துக்குக் காட்டினார். பள்ளிக்கு வந்தே தீரவேண்டும் என்கிறது சட்டம். ஆங்கிலத்தில் தேறாதவனுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடிவில் பட்டயம் இல்லை என்கிறது. அந்த ஆங்கிலத்தைக் கற்பிப்பதற்கு மட்டும் ஏற்பாடு இல்லை. புரியாத மொழியில் ஒரே புத்தகத்தைக் கொடுத்துவிட்டால் சமத்துவம் ஆகாது என்பது தீர்ப்பின் சாரம். அதற்கு ஆதாரமாய் நின்றது 1964-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம்.

இத்தீர்ப்பில் நம் கவனத்துக்குரிய இடங்கள் இரண்டு உண்டு. முதலாவது, பரிகாரம் இன்னதென்று நீதிமன்றம் சொல்லவில்லை. ஆங்கிலத்தைத் தனியே கற்பிப்பது ஒரு வழி, சீனமொழியிலேயே பாடம் சொல்வது மற்றொரு வழி, வேறு வழிகளும் இருக்கலாம் என்று கூறிப் பொறுப்பைக் கல்வி அதிகாரிகளிடம் விட்டுவிட்டது. இரண்டாவது, நீதிபதி பிளாக்மன் தனியே எழுதிச் சேர்த்த குறிப்பு. இவ்வழக்கின் உயிர்நிலை எண்ணிக்கையே என்றார் அவர். 1,800 குழந்தைகளைப் பற்றிய தீர்ப்பு இது. ஒரே ஒரு குழந்தை அந்நிய மொழி பேசுவதாக நாளை வழக்கு வந்தால் தாம் இவ்வாறே தீர்ப்பளிப்பதாகக் கொள்ளவேண்டா என்றார். பெருங்கூட்டத்தில் ஒருவராக இல்லாமல், எண்ணிச் சில வீடுகளாக வாழும் நம்மைப் போன்றோர் ஊன்றிப் படிக்கவேண்டிய வரிகள் அவை.

தீர்ப்புக்குப் பின் திட்டம் வேண்டும். மாஸாசூஸெட்ஸ் மாநிலம் தீர்ப்புக்கு முன்னரே, 1971-இல், ஒரு மொழி பேசும் பிள்ளைகள் ஓர் ஊரில் 20 பேர் இருந்தால் அவர்களுக்கு இருமொழி வகுப்பு நடத்த வேண்டும் என்று விதித்து, நாட்டுக்கே முன்னோடியாயிற்று. கலிபோர்னியா 1976-இல் சக்கோன்-மாஸ்கோனி சட்டம் என்னும் இருமொழிக் கல்விச் சட்டத்தை நிறைவேற்றிற்று. 1981-இல் டெக்ஸஸ் மாநில வழக்கொன்றில் மத்திய மேன்முறையீட்டு நீதிமன்றம், எந்தத் திட்டத்துக்கும் மூன்று கேள்விகள் போட்டது. திட்டம் அறிவுடையோர் ஏற்கும் கொள்கையில் நிற்கிறதா? அதற்கு வேண்டிய ஆசிரியரும் புத்தகமும் பணமும் உண்மையில் கொடுக்கப்பட்டனவா? சில ஆண்டுகளுக்குப் பின் பிள்ளைகள் மொழித்தடையைக் கடந்தார்களா? நம் நாட்டுத் திட்டங்கள் பலவற்றையும் இம்மூன்று கேள்விகளால் உரைத்துப் பார்க்கலாம். முதற்கேள்வியில் பெரும்பாலும் தேறிவிடுவோம்.

கலிபோர்னியா இரண்டாம் கேள்வியில் தடுக்கி விழுந்தது. இருமொழியும் அறிந்த ஆசிரியர் போதிய அளவில் இல்லை. மொழி தெரியாத ஆசிரியர்களே இனிக் கற்றுக்கொள்வதாக வாக்களித்துச் சலுகையின் பேரில் வகுப்பை நடத்தினர். 1987-இல் சட்டம் காலாவதியாயிற்று. அதை நீட்டிக்கக் கவர்னர் இசையவில்லை. இருமொழி வகுப்பு என்று பெயர் எழுதிய அறைகளில் தாய்மொழியும் செம்மையாக வளரவில்லை, ஆங்கிலமும் வந்து சேரவில்லை என்ற முறையீடு வலுத்தது. 1996-இல் லாஸ் ஏஞ்ஜலீஸ் நகரத்துப் பள்ளியொன்றில் ஸ்பானிய மொழி பேசும் பெற்றோர்களே, தம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பியுங்கள் என்று கேட்டுப் பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பாமல் நிறுத்திக்கொண்டனர். தையற்கூடங்களிலும் சிற்றுணவுக் கடைகளிலும் உழைத்த மக்கள் அவர்கள். அவர்கள் தாய்மொழிப் பகைவர் அல்லர். இந்த வேதனையைத் தாய்மொழிக் கல்வியின் ஆதரவாளர் அன்றே காது கொடுத்துக் கேட்டிருந்தால் பின்வந்த விபரீதம் நேர்ந்திராது என்பது நம் எண்ணம்.

விபரீதம் என்றது 1998-ஆம் ஆண்டு ஜூன் மாதத்து வாக்கெடுப்பை. ரான் அன்ஸ் என்ற செல்வர் முன்னின்று நடத்திய 227-ஆம் பிரேரணை, பிள்ளைகளை வழக்கமாக ஓராண்டு மட்டும் எளிய ஆங்கில வகுப்பில் வைத்துப் பின் பொது வகுப்பில் சேர்த்துவிட வேண்டும் என்றது. 61 சதவிகித வாக்கில் அது வென்றது. தாய்மொழித் துணையோடு கற்றுவந்த பிள்ளைகள் நூற்றுக்கு 30 பேராயிருந்தது, சில ஆண்டுகளில் 8 பேராகக் குறைந்தது. ஒரு குழந்தை ஓராண்டில் விளையாட்டு மைதானத்து ஆங்கிலத்தைப் பிடித்துக்கொள்ளும். வரலாற்றுப் பாடத்தையும் கணக்கின் வினாக்களையும் ஆளும் மொழிக்குப் பல ஆண்டுகள் வேண்டும். நம் பிள்ளைகள் தெருவில் இந்தி பேசும் வேகத்தைக் கண்டு மகிழ்ந்து, தேர்வுத்தாளைக் கண்டு திகைப்பதும் இதனால்தான்.

மாநிலம் ஏற்பாடு செய்த ஐந்தாண்டு ஆராய்ச்சியின் முடிவு 2006-இல் வெளிவந்தது. தாய்மொழி வகுப்பு, ஆங்கில வகுப்பு என்ற இரு முறைகளுள் ஒன்றே சிறந்தது என்று முடிவு கட்ட இடமில்லை என்றது அது. கூடவே மற்றொன்றையும் சொன்னது: பத்தாண்டு கற்ற பின்னும் ஆங்கிலத்தில் தேர்ந்தவர் என்று அறிவிக்கப்படும் வாய்ப்பு நூற்றுக்கு 40-க்கும் குறைவு. வாக்கெடுப்பில் இரு கட்சியாரும் எந்த மொழியில் என்று சண்டையிட்டுக்கொண்டிருந்தபோது, பிள்ளை ஆறாம் வகுப்பையும் தாண்டி அதே பட்டியலில் கிடந்தது. 2012-இல் ஒரு சட்டம் இத்தகைய மாணவரை 'நெடுங்கால ஆங்கிலம் கற்போர்' எனப் பெயரிட்டுத் தனியே கணக்கெடுக்கச் செய்தது. பெயர் சூட்டினால்தான் சில துன்பங்கள் கண்ணுக்குப் புலப்படுகின்றன.

அதன்பின் காரியங்கள் விரைந்தன. 2013-இல் பள்ளிகளுக்குப் பணம் பகிரும் முறை மாறி, ஏழைப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளுக்கும் கூடுதல் தொகை ஒதுக்கப்பட்டது. இரு மொழிகளில் தேர்ந்து வெளியேறும் மாணவரின் பட்டயத்தில் தனி முத்திரை பொறிக்கும் வழக்கமும் இதற்குச் சற்று முன் ஏற்பட்டது. 2016 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில் 58-ஆம் பிரேரணை 73 சதவிகிதத்துக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற்று, பதினெட்டாண்டுத் தடையைப் பெரும்பாலும் நீக்கியது. 2017 ஜூலையில் மாநிலக் கல்வி வாரியம் 'ஆங்கிலம் கற்போர்க்கான வழிகாட்டி' என்னும் மாநிலம் தழுவிய திட்டத்தை ஏற்றது. அப்போது அம்மாணவர் தொகை 13 இலட்சத்துக்கு மேல். பள்ளிப் பிள்ளைகளில் ஐவருள் ஒருவர். குழந்தை வீட்டிலிருந்து கொண்டுவரும் மொழியைக் குறையாக எண்ணாமல் முதலாக எண்ணுக என்பது அத்திட்டத்தின் முதற்கொள்கை. தீர்ப்பு வந்தது 1974-இல். இந்த ஒரு வாக்கியத்தை எழுத 43 ஆண்டுகள் ஆயின.

இத்தனையும் தொடங்கும் இடம் ஒரு சிறு காகிதம். குழந்தையைச் சேர்க்கும் நாளன்று பெற்றோரிடம் நான்கு கேள்விகள் கேட்கிறார்கள்: குழந்தை முதலில் பேசக் கற்ற மொழி எது, வீட்டில் அது மிகுதியாகப் பேசும் மொழி எது, நீங்கள் அதனோடு பேசும் மொழி எது, வீட்டுப் பெரியவர்கள் தமக்குள் பேசும் மொழி எது. உண்மையை எழுதினால் பிள்ளையைத் தாழ்ந்த வகுப்பில் போட்டுவிடுவார்களோ என்று அஞ்சி, ஆங்கிலம் என்றே எழுதிவிடும் பெற்றோர் அங்கும் உண்டு. நம்முள்ளும் சேர்க்கைப் படிவத்தில் தாய்மொழி என்ற இடத்தை வெற்றாக விட்டவர்கள், அல்லது எழுத்தர் எழுதியபடி ஏற்றவர்கள் எத்தனை பேர்!

2025 மார்ச் மாதத்தில் அமெரிக்க ஜனாதிபதியின் ஆணை ஆங்கிலத்தை அந்நாட்டின் ஆட்சிமொழி என அறிவித்தது. அவ்வாண்டு ஆகஸ்டில், இம்மாணவர்க்குச் செய்யவேண்டியவை பற்றி 2015-இல் பள்ளிகளுக்கு அனுப்பிய விளக்கக் குறிப்பை மத்தியக் கல்வித்துறை திரும்பப் பெற்றது. லாவ் தீர்ப்பு அப்படியே நிற்கிறது. அதைக் காக்கும் பொறுப்பு முன்னினும் அதிகமாக மாநிலங்களின்மேல் விழுந்துள்ளது.

பிளாக்மன் எழுப்பிய எண்ணிக்கைக் கேள்விக்கு நம் நாடு அவருக்கு முன்பே ஒரு விடை எழுதி வைத்திருக்கிறது. 1949 ஆகஸ்டில் கூடிய மாகாணக் கல்வி மந்திரிகளின் மாநாடு, ஒரு பள்ளியில் 40 பேரோ ஒரு வகுப்பில் 10 பேரோ வேற்றுத் தாய்மொழியினராக இருந்தால், தொடக்கக் கல்வியை அவர்கள் மொழியில் அளிக்க ஓர் ஆசிரியரையேனும் அமர்த்த வேண்டும் என்று தீர்மானித்தது. 1956-இல் அரசியலமைப்பில் சேர்த்த 350-அ பிரிவு அவ்வசதிக்கு முயல்வதை மாநிலங்களின் கடமையாக்கிற்று. நம் காலனியிலிருந்து ஒரே பள்ளிக்குச் செல்லும் தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை பேர், ஒரே வகுப்பில் எத்தனை பேர் என்ற கணக்கு, நாமறிந்தவரையில், நம் சங்கத்து ஏடுகளில் இதுகாறும் எழுதப்படவில்லை.