கன்று ஈன்ற பசுவின் நோய் எதிர்ப்பாற்றல்: தீவனத்தின் எல்லை

மடிநோய், கருப்பை அழற்சி, நஞ்சுக்கொடி தங்குதல், கீட்டோசிஸ் (இரத்தத்தில் கீட்டோன் மிகுதல்) முதலியவை கறவை மாட்டைப் பெரும்பாலும் கன்று ஈன்ற முதல் சில வாரங்களுக்குள்ளேயே தாக்குகின்றன. அப்போது அதன் எதிர்ப்பாற்றல் தளர்ந்திருக்கிறது என்பதை எவரும் மறுப்பதில்லை. அது ஏன் தளர்கிறது, தீவனத்தால் எவ்வளவு சரிசெய்யலாம் என்பவைதான் விவாதத்துக்குரியவை. தீவனம் குறையை நீக்கும். குறையில்லாத பசுவுக்குக் கூடுதல் பாதுகாப்பு தராது என்பதே என் வாதம்.

தளர்ச்சிக்குக் காரணம் ஈனுதலா, பால் சுரப்பா? அமெரிக்காவில் அயோவா மாநிலத்தின் ஏம்ஸ் நகரிலுள்ள தேசிய விலங்கு நோய் ஆய்வு மையத்தினர் இதைப் பிரித்தறிய ஒரு கடுமையான வழியைக் கையாண்டார்கள். மடியை அறுவை செய்து அகற்றிய பசுக்களையும் மடியுள்ள பசுக்களையும் ஒப்பிட்டார்கள். 1999இல் வெளியான முடிவுகளின்படி, கிருமிகளை அழிக்கும் நியூட்ரோபில் வெள்ளையணுக்களின் நொதிச் செயல்பாடு ஈனும் தறுவாயில் இரு பிரிவிலும் குறைந்தது. மடியற்றவற்றில் அது விரைவில் மீண்டது. பால் சுரந்தவற்றில் மீளவில்லை. ஈனும்போது ஏற்படும் ஹார்மோன் மாற்றங்கள் தளர்ச்சியைத் தொடங்கிவைக்கின்றன, அதை நீடிக்கச் செய்வது பால் சுரப்பின் சுமை என்றே இதைப் படிக்க வேண்டும். தீவனத்துக்கு இடமிருப்பது இந்த இரண்டாம் பகுதியில்தான்.

சுமையின் அளவும் சிறிதன்று. ஒரு கிலோ சீம்பாலில் சுமார் 2.3 கிராம் கால்சியம் வெளியேறுகிறது. பசுவின் இரத்த நீர்மத்தில் எந்நேரமும் இருப்பதோ 3 கிராம் அளவுதான். வெள்ளையணு தூண்டப்படும்போது அதன் உள்ளிருக்கும் கால்சியமே முதல் சைகை. ஈனும் காலத்தில் அந்த உள்ளிருப்பும் வற்றுவதை அதே மையம் 2006இல் காட்டியது.

வைட்டமின் ஈ பற்றிய இரு ஆய்வுகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஓஹையோவில் 1997இல், செலினியம் குறைந்த தீவனம் தின்ற பசுக்களுக்கு ஈனுவதற்கு முந்தைய 14 நாள் தினமும் 4,000 அலகு கொடுத்தபோது, முதல் வாரத்தில் 2.6 விழுக்காடு மடிக்காம்புகளில் மட்டுமே மடிநோய் கண்டது. 100 அலகு மட்டும் பெற்றவற்றில் அது 25 விழுக்காடு. நெதர்லாந்தில் 2010இல் வெளியான ஆய்வில், பால் வற்றிய காலத்தில் 3,000 அலகு பெற்ற பசுக்களுக்கு மடிநோய் கூடியது. அதே வைட்டமின் ஓரிடத்தில் காத்தது, மற்றோரிடத்தில் கெடுத்தது. பசுவின் உடலில் ஏற்கெனவே எவ்வளவு இருந்தது என்பதே வேறுபாடு என்று கருதுகிறேன். எதிர்ப்பாற்றலை 'உயர்த்தும்' என்று விற்கப்படும் பொடிகளை ஐயத்தோடு பார்க்க இதுவே போதும்.

வாதத்துக்கு எதிர்ப்பும் உண்டு. அயோவா மாநிலப் பல்கலைக்கழக (Iowa State University) ஆய்வாளர் லான்ஸ் பாம்கார்டும் குழுவினரும் கீட்டோன் உயர்வையும் கால்சியம் குறைவையும் நோய்க்கான காரணங்களாகக் கொள்ளாமல், எதிர்ப்பு மண்டலம் ஏற்கெனவே கிளர்ந்ததன் விளைவுகளாகக் காண்கிறார்கள். பாக்டீரிய நச்சு செலுத்தப்பட்ட கறவைப் பசு 12 மணி நேரத்தில் ஒரு கிலோவுக்கு மேல் குளுக்கோஸைக் கூடுதலாகச் செலவிட்டதாக அவர்கள் கணக்கிட்டார்கள். இது வலுவான சான்று. ஆனாலும் மடியற்ற பசு விரைந்து மீண்டதை இந்த விளக்கத்தால் மட்டும் எளிதில் சொல்லிவிட முடியாது. காரணம் இரு திசையிலும் ஓடுகிறது என்பதே பொருந்துகிறது. அப்படியானால் கீட்டோன் அளவைக் குறைத்துவிட்டதை மட்டும் வெற்றியாகக் கொள்ள முடியாது; பசு தீனியை நன்றாக எடுக்கிறதா என்பதே முதல் அளவுகோல். பால் வற்றிய காலத்தில் அடர்தீவனத்தை அள்ளிப் போட்டுக் கொழுக்க வைத்த மாடு, ஈன்ற பின் குறைவாகவே தின்று தன் கொழுப்பையே கரைக்கிறது.

தமிழகக் கலப்பினப் பசுக்களில் ஜெர்சி வழியே மிகுதி. ஜெர்சி இனம் கால்சியம் குறைவுக்கு எளிதில் ஆளாவது. நிறைசினை மாட்டுக்குக் கடைசி மாதம் முழுவதும் கால்சியம் டானிக் ஊற்றுவது பலரிடம் வழக்கம். அது எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கும் பாராதைராய்டு சுரப்பியைச் சோம்பலாக்கிவிடும். பொட்டாசியம் மிகுந்த பசும்புல்லை மட்டும் தருவதும் கால்சியம் குறையும் இடரை வளர்க்கும். நிறைசினையில் பசும்புல்லைக் குறைத்து வைக்கோலைக் கூட்டவும், மெக்னீசியமும் செலினியமும் உள்ள தாது உப்புக் கலவை தரவும், கால்சியத்தை ஈனும் நாளுக்கு ஒதுக்கவும் கால்நடை மருத்துவர்கள் வலியுறுத்த வேண்டும்.