புல்வெளி தோட்டத்துக்குள் வந்த கதை: பம்பிள் தேனீயும் பிரிட்டனின் நில வரலாறும்

தோட்டங்களின் வரலாறு பெரும்பாலும் ரசனையின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. எந்த அரசர் எந்த வடிவத்தை விரும்பினார், எந்த நூற்றாண்டில் எந்த மலர் நாகரிகமாயிற்று என்பவையே அதன் வழக்கமான வினாக்கள். கடந்த சில பத்தாண்டுகளில் பிரிட்டனில் பரவியுள்ள ஒரு தோட்ட வகை இவ்வினாக்களுக்குள் அடங்குவதில்லை. அங்கே செடியைத் தேர்ந்தெடுப்பது பம்பிள் தேனீ என்னும் பருத்த, ரோமம் அடர்ந்த பூச்சி ஒன்றின் பசியைக் கருதி. ஒரு மூலையில் புல் வெட்டப்படாமல் விடப்படுகிறது. எலி தோண்டிக் கைவிட்ட வளை அடைக்கப்படுவதில்லை. இதனை அண்மைக்காலச் சூழலியல் அக்கறையின் வெளிப்பாடு என்று மட்டும் கொள்வது போதாது. அத்தோட்டத்தின் ஒவ்வொரு விதியும் அந்நாட்டு வயல்வெளியிலிருந்து அகற்றப்பட்ட ஏதோ ஒன்றுக்கு ஈடாக வந்தது என்பதே இப்பதிவின் வாதம்.

முதலில் பூச்சியைப் பற்றிச் சில செய்திகள். வளர்ப்புத் தேனீயின் கூடு ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். பம்பிள் தேனீயின் குடியிருப்போ பிரிட்டன் போன்ற நாடுகளில் ஓராண்டுக்குள் முடிந்துவிடும். கோடையில் இணைசேர்ந்த இளம் அரசிகள் மட்டும் மண்ணுக்குள் துயின்று குளிர்காலத்தைக் கடக்கின்றன. இளவேனில் தொடக்கத்தில் வெளிவரும் அரசி, துணையேதுமின்றி உணவு தேடி, கூட்டுக்கு இடம் கண்டு, முட்டையிட்டுத் தன் உடல் வெப்பத்தால் அடைகாக்க வேண்டும். கூட்டின் சேமிப்பு சில நாட்களுக்கே போதுமானது. ஆகவே மார்ச் முதல் செப்டம்பர் வரை பூ இடையறாது கிடைக்க வேண்டும். பல இனங்கள் எலிகள் கைவிட்ட வளைகளில் கூடமைக்கின்றன. சில, புற்கற்றைகளின் அடியில். நாக்கின் நீளமும் இனத்துக்கு இனம் மாறுபடும். நீள்நாக்கு இனங்கள் ஆழமான குழல் மலர்களையே நம்பியிருக்கின்றன. தொடர்ச்சியான உணவு, நாக்குக்கேற்ற மலர், கலைக்கப்படாத நிலம் என்ற இம்மூன்று தேவைகளையும் நினைவில் கொண்டால் பின்வரும் வரலாறு தெளிவாகும்.

இப்பூச்சியின் பொருளியல் முக்கியத்துவத்தை அறிவுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் சார்லஸ் டார்வின். அக்காலத்தில் அதன் பெயர் ஹம்பிள் தேனீ. 1859இல் வெளியான ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலில், சிவப்பு கிளோவர் என்னும் தீவனப்பயிரின் மகரந்தச் சேர்க்கை இப்பூச்சியைச் சார்ந்திருப்பதையும், இதன் கூடுகளை வயலெலிகள் அழிப்பதையும், எலிகளின் எண்ணிக்கையைப் பூனைகள் கட்டுப்படுத்துவதையும் ஒரே சங்கிலியாகக் கோத்துக் காட்டினார். பின்வந்த பதிப்பொன்றில் சோதனை விவரத்தையும் சேர்த்தார். தேனீக்கள் வந்துபோன 100 சிவப்பு கிளோவர் பூங்கொத்துகள் 2,700 விதைகளைத் தந்தன. தேனீ அணுகாதபடி மூடி வைக்கப்பட்ட 100 கொத்துகள் ஒரு விதைகூடத் தரவில்லை. இச்சோதனையின் களம் ஒரு தோட்டம் என்பது கருதத்தக்கது. கென்ட் பகுதியிலிருந்த தம் டவுன் இல்லத்தில், ஆண் பம்பிள் தேனீக்கள் பறக்கும் தடங்களை அறிய டார்வின் தம் பிள்ளைகளை ஆங்காங்கே நிறுத்திவைத்துக் கவனித்தார். தேனீயை அடையாளம் காண அதன்மேல் மாவு தூவியதும் உண்டு. தோட்டம் அவருக்கு ஆய்வுக்கூடமாயிருந்தது. பூச்சியின் புகலிடமாக அதனைக் கருத வேண்டிய தேவை அன்று எழவில்லை; அப்போது வயல்வெளியே புகலிடமாக இருந்தது.

கிளோவர் ஏன் அவ்வளவு முக்கியம்? கோதுமை, டர்னிப் கிழங்கு, பார்லி, கிளோவர் என்னும் நாற்பயிர்ச் சுழற்சி அக்கால ஆங்கில வேளாண்மையின் முதுகெலும்பு. கிளோவர் தன் வேர்முடிச்சுகளின் வழியே மண்ணில் நைட்ரஜனைச் சேர்த்தது. கால்நடைக்கும் குதிரைக்கும் தீவனமாயிற்று. நியூசிலாந்தில் குடியேறிய ஆங்கிலேயர் இப்பயிரைக் கொண்டுசென்றபோது அது செழித்து வளர்ந்தது. ஆனால் விதை சரிவரப் பிடிக்கவில்லை. ஆண்டுதோறும் கப்பலில் விதை தருவிக்க வேண்டியிருந்தது. காரணம் உணரப்பட்டதும் பம்பிள் தேனீயையே தருவிக்க முனைந்தனர். வெப்பமண்டலக் கடலைத் தாண்டி வருவதற்குள் அரசிகள் மடிந்துபோயின. குளிர்பதனக் கப்பல்கள் 1882இல் நியூசிலாந்து இறைச்சியை இங்கிலாந்துக்கு ஏற்றத் தொடங்கிய பிறகே வழி திறந்தது. துயிலிலிருந்த அரசிகள் குளிரறையில் பயணம் செய்து, 1885இல் கேன்டர்பரி சமவெளியில் உயிருடன் விடப்பட்டன. இன்றும் நான்கு ஆங்கிலேய இனங்கள் அந்நாட்டில் வாழ்கின்றன. அவற்றுள் ஒன்றான குட்டைரோமப் பம்பிள் தேனீயை இப்பதிவின் இறுதியில் மீண்டும் சந்திப்போம்.

வயலில் இப்பூச்சிக்கு இத்தகைய மதிப்பு உருவான அதே காலத்தில், தோட்டம் அதைவிட்டு விலகிச் சென்றது. 1845இல் பிரிட்டனில் கண்ணாடி மீதான வரி நீக்கப்பட்டது. கண்ணாடி வீடுகள் மலிந்தன. தென்னாப்பிரிக்காவின் பெலார்கோனியமும் தென்னமெரிக்காவின் கால்சியோலேரியாவும் ஆயிரக்கணக்கில் வளர்க்கப்பட்டுக் கோடைதோறும் கம்பளம்போல் பாத்திகளில் நடப்பட்டன. பருவம் முடிந்ததும் பிடுங்கி எறியப்பட்டன. கூடவே இதழடுக்கு மலர்களின் மோகமும் வளர்ந்தது. அடுக்குப் பூவில் கூடுதலாகத் தோன்றும் இதழ்களில் பல, உண்மையில் மகரந்தத் தாள்கள் உருமாறியவை. கண்ணுக்கு இதழ் பெருகப் பெருக, பூச்சிக்கு மகரந்தம் குறைந்தது. தேனை அடையும் வழியும் அடைபட்டது. வில்லியம் ராபின்சன் 1870இல் ‘காட்டுத் தோட்டம்’ என்னும் நூலை எழுதி இப்பாத்தி முறையை எதிர்த்தார். குளிர் தாங்கும் செடிகளை அவற்றின் இயல்பில் வளரவிடுமாறு வலியுறுத்தினார். ஆயினும் அவருடைய எதிர்ப்பு அழகின் பெயரால் எழுந்தது. பூச்சியின் பசி அவருடைய வாதத்தின் அச்சாக இருக்கவில்லை. அவர் பரிந்துரைத்த தோட்டம் பூச்சிகளுக்கும் உதவியது என்பது பிற்காலம் கண்டறிந்த உடன்பயன்.

பூச்சியின் தரப்பிலிருந்து எழுதப்பட்ட முதன்மையான ஆங்கில நூல் 1912இல் வந்தது. எஃப். டபிள்யூ. எல். சிலேடன் எழுதிய ‘ஹம்பிள் தேனீ’ அது. கூடுகளின் உள்வாழ்வை நேரில் கண்டு அவர் விவரித்தார். மண்ணுக்கடியில் செயற்கை வளைகளை அமைத்து அரசிகளை அழைக்கவும் முயன்றார். இன்று கடைகளில் விற்கப்படும் பம்பிள் தேனீக் கூட்டுப் பெட்டிகளின் மூதாதை அம்முயற்சியே. ஆனால் பெட்டிகளில் அரசிகள் குடியேறுவது இன்றும் மிக அரிது. பழைய எலிவளையையும் அதில் கிடக்கும் உலர்ந்த புல்லையும் பெட்டி எளிதில் ஈடுசெய்வதில்லை.

அடுத்து நிகழ்ந்ததுதான் இவ்வரலாற்றின் மையம். வளிமண்டல நைட்ரஜனிலிருந்து அம்மோனியா தயாரிக்கும் ஹேபர்–போஷ் முறை 1913இல் ஜெர்மனியில் தொழிற்சாலை அளவை எட்டியது. செயற்கை உரம் பரவப் பரவ, மண்ணை வளப்படுத்தக் கிளோவர் பயிரிட வேண்டிய கட்டாயம் தளர்ந்தது. டிராக்டர் வந்ததும் குதிரைகள் மறைந்தன. குதிரைத் தீவனத்தின் தேவையும் மறைந்தது. இரண்டாம் உலகப் போரின்போது புல்வெளிகளை உழுது தானியம் விதைக்குமாறு ஆணையிடும் அதிகாரம் மாவட்டப் போர்க்கால வேளாண் குழுக்களுக்கு வழங்கப்பட்டது. 1947ஆம் ஆண்டின் வேளாண்மைச் சட்டம் விளைபொருளுக்கு விலை உறுதி தந்து அவ்வேகத்தை அமைதிக்காலத்திலும் தொடரச் செய்தது. கோடையின் பிற்பகுதியில் ஒருமுறை அறுத்து உலர்த்தும் பழைய தீவனப் புல்வெளிகளின் இடத்தில், உரமிட்டுப் பலமுறை பச்சையாக அறுக்கப்படும் ரைபுல் வயல்கள் வந்தன. அவற்றில் பூவே இல்லை. 1930களுக்கும் 1984க்கும் இடையில் இங்கிலாந்து, வேல்ஸ் தாழ்நிலங்களின் இயல்பான பூக்கள் நிறைந்த புல்வெளிகளில் ஏறத்தாழ 97 விழுக்காடு அழிந்தது. பம்பிள் தேனீயை அழிக்க எவரும் திட்டமிடவில்லை. உணவு உற்பத்தி என்ற நியாயமான இலக்கின் கணக்கேட்டில் அதற்கு ஒரு வரிகூட ஒதுக்கப்பட்டிருக்கவில்லை, அவ்வளவே.

இந்நிலையில்தான் தோட்டம் திடீரென முக்கியமாயிற்று. டேவ் கூல்சனும் உடன் ஆய்வாளர்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வு, புறநகர்த் தோட்டங்களில் வைக்கப்பட்ட பம்பிள் தேனீக் குடியிருப்புகள் விளைநிலங்களில் வைக்கப்பட்டவற்றைவிட விரைவாக வளர்ந்ததைக் காட்டியது. நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள் பங்கேற்று 2008இல் வெளியான கணக்கெடுப்பு ஒன்று, தோட்டங்களில் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 36 கூடுகள் இருப்பதாக மதிப்பிட்டது. திறந்த புல்நிலங்களில் அதன் மூன்றிலொரு பங்கே இருந்தது. பம்பிள் தேனீப் பாதுகாப்பு அறக்கட்டளை 2006இல் நிறுவப்பட்டது. ஒருகாலத்தில் வயல் தந்ததை இப்போது வீட்டுப் பின்புறம் தர வேண்டியதாயிற்று.

அத்தோட்டத்தின் விதிகளை இனி வரலாற்றுச் சான்றாக வாசிக்கலாம். மார்ச்சில் வில்லோ, லங்வோர்ட். ஏப்ரல், மே மாதங்களில் டெட்நெட்டில், காம்ஃப்ரே. ஜூனில் ஃபாக்ஸ்குளோவ், கிளோவர். ஜூலை, ஆகஸ்டில் லாவெண்டர், மார்ஜோரம், நாப்வீட். செப்டம்பரில் ஐவி என்று தொடர்வரிசையில் நடச் சொல்வது, வேலிப்புதரும் புல்வெளியும் தரிசும் சேர்ந்து தந்த பருவத் தொடர்ச்சியை ஒரு சிறு மனைக்குள் அமைப்பதாகும். ஒரே செடியைத் திரளாக நடச் சொல்வது, ஒரு வகை மலரையே அடுத்தடுத்து நாடும் பூச்சியின் இயல்பை மதிப்பதாகும். ஒற்றை அடுக்கு மலர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்வது விக்டோரிய ரசனையிலிருந்து திரும்பி வருவதாகும்.

இவ்விதிகளுள் மிகவும் வியப்பூட்டுவது புல்வெளி அமைப்போருக்குச் சொல்லப்படுவது: மண்ணை ஏழையாக்குங்கள். உரமிடாதீர்கள்; கோடை இறுதியில் ஒருமுறை அறுத்து, அறுத்த புல்லை அங்கேயே மட்கவிடாமல் அகற்றுங்கள்; புல்வேர்களை உறிஞ்சி அவற்றை நலிவடையச் செய்யும் யெல்லோ ராட்டில் என்னும் ஒட்டுண்ணிச் செடியை விதையுங்கள். வளமான மண்ணில் வலிய புற்கள் மேலோங்கிப் பூச்செடிகளை மூடிவிடும் என்பதே இதற்குக் காரணம். ஒரு நூற்றாண்டு வேளாண்மை தன் முழுத்திறனையும் செலவிட்டுச் செய்ததை, தோட்டக்காரர் தம் சில சதுர மீட்டரில் பொறுமையாகத் திருப்பிச் செய்கிறார். கிராமத்து உழவர் ஆண்டுதோறும் தீவனத்துக்காக அறுத்துச் சென்றபோது இது எவரும் அறியாமலே நடந்துகொண்டிருந்தது. அன்று பிழைப்பின் பகுதியாக இருந்த செயல் இன்று பாதுகாப்புப் பணி என்னும் பெயரைப் பெற்றிருக்கிறது.

எனினும் தோட்டத்தின் ஆற்றலுக்கு எல்லை உண்டு. குட்டைரோமப் பம்பிள் தேனீ பிரிட்டனில் கடைசியாக 1988இல் டன்ஜனஸ் பகுதியில் காணப்பட்டது; 2000இல் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நியூசிலாந்து சென்ற கிளையிலிருந்து அதனைத் திரும்பக் கொணரும் திட்டம் கைகூடவில்லை. மிகச்சில அரசிகளிலிருந்து பெருகிய அவ்வினத்தின் மரபணு வளம் குன்றியிருந்தது. பின்னர் சுவீடனிலிருந்து அரசிகள் கொண்டுவரப்பட்டு 2012 முதல் டன்ஜனஸில் விடப்பட்டன. அவை நிலைபெறவில்லை. ஆனால் அவற்றுக்காகச் சுற்றுவட்டார உழவர்கள் வயலோரங்களில் பூக்களை விதைத்ததால் வேறு அரிய இனங்கள் அப்பகுதியில் பரவின. பொதுவான இனங்களுக்குத் தோட்டம் கைகொடுக்கும். பரந்த புல்வெளியை நம்பிய இனங்களுக்கு வயலே மாற வேண்டும் என்பதே இதன் பாடம். தோட்டமும் சந்தையிலிருந்து விலகிய தீவு அன்று. தேனீக்கு உகந்தவை என்று விற்கப்பட்ட நாற்றுகள் பலவற்றில் நியோநிகோடினாய்டு பூச்சிக்கொல்லிகளின் எச்சம் இருந்ததைப் பிரிட்டனில் 2017இல் வெளியான ஆய்வு எடுத்துக்காட்டியது.

இவ்வரலாற்றை இந்தியாவில் இருந்துகொண்டு வாசிப்பதில் ஓர் எச்சரிக்கை அடங்கியுள்ளது. நம் நாட்டில் பம்பிள் தேனீக்கள் காஷ்மீர் முதல் அருணாசலம் வரையிலான இமயமலைப் பகுதிக்கே உரியவை. தீபகற்பத்தில் அவை இல்லை. ஆங்கிலச் செடிப்பட்டியலைப் பெங்களூரு அல்லது சென்னையின் பல்கலைக்கழக வளாகத்தில் அப்படியே நட்டுப் பயன் காண இயலாது. இங்கே அப்பணியில் ஒரு பங்கைச் செய்வது கட்டையைத் துளைத்துக் கூடமைக்கும் கருவண்டு. காய்ந்த மரத்தையும் மூங்கிலையும் குப்பையென்று அகற்றும் வளாகத்தில் அதற்கு வீடில்லை. நாம் கடன்பெற வேண்டியது பிரிட்டன் தாமதமாகக் கேட்டுக்கொண்ட கேள்வியை: இந்நிலத்திலிருந்து எது, எப்போது, யாருடைய முடிவால் அகற்றப்பட்டது? அதற்கான விடை நிலவரிப் பதிவேடுகளிலும் பாசனக் கோப்புகளிலும் மேய்ச்சல் உரிமை வழக்குகளிலும் கிடக்கிறது. அவற்றைத் திறந்து வாசிப்பது வரலாற்று மாணவரின் வேலை. நாற்றுப்பண்ணைக்குப் போவதை அதற்குப் பின் வைத்துக்கொள்ளலாம்.