ஓசைக்கு நட்ட எல்லைக்கல்

நிலத்தைப் பற்றிய வழக்கென்றால் அளந்து கல் நட்டு முடித்துவிடலாம். ஓசையைப் பற்றிய வழக்கில் கல்லை எங்கே நடுவது? அடுத்த வீட்டுப் பாட்டு நம் வீட்டுச் சுவரைத் தாண்டி வரும்போது, எந்த இடம் வரையில் அது அவருடைய இன்பம், எந்த இடத்திலிருந்து அது நம்முடைய துன்பம் என்று எவராலும் கோடு கிழித்துக் காட்ட இயலாது. பிற மாநிலங்களில், பல மொழி பேசும் அண்டை வீட்டாரோடு ஒரே மாடிக் கட்டடத்தில் குடியிருக்கும் நமக்கு இவ்வினா புதிதன்று. நம் வீட்டுப் பஜனை அவர்களுக்கு இரைச்சல். அவர்கள் வீட்டு மேளம் நமக்கு இரைச்சல்.

சுவரே இல்லாத இடத்தில் இவ்வழக்கு இன்னும் கடினமாகிவிடுகிறது. ஏரியின்மேலும் ஆற்றின்மேலும் ஓசையைத் தடுக்க மரமில்லை, மதிலில்லை. பகல் வெயில் தாழ்ந்து நீர்ப்பரப்பையொட்டிய காற்று குளிர்ந்துவிட்டால், மேலே சென்று மறைய வேண்டிய ஒலியும் வளைந்து கீழிறங்கிக் கரையை நாடும். நடு ஏரியில் ஒருவன் முடுக்கும் எஞ்சின் அக்கரையில் உறங்குபவனின் தலைமாட்டில் முழங்குவது இதனால்தான். பேரிரைச்சல் எழுப்பும் விரைவுப் படகுகளுக்கும் கரையில் வாழ்வோருக்கும் இடையே ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நடந்துவரும் வழக்கின் வரலாற்றை, இங்கே நாம் சுருக்கமாகக் காண்போம்.

மோட்டார்ப் படகு பிறந்த நாளில், மக்கள் அதன் ஓசைக்கு அஞ்சவில்லை. அதன் நெருப்புக்கே அஞ்சினர். ஜெர்மனியில் காட்லீப் டைம்லர் 1886-ஆம் ஆண்டில் தம்முடைய சிறு பெட்ரோல் எஞ்சினை ஒரு படகில் பொருத்தி, நெக்கர் ஆற்றில் ஓட்டிப் பார்த்தார். பெட்ரோல் வெடித்துவிடும் என்று ஊரார் கலங்குவர் என்பதை அறிந்து, படகைச் சுற்றிக் கம்பிகளையும் பீங்கான் குமிழ்களையும் கட்டி, அது மின்சாரத்தால் ஓடுவது போல் தோன்றச் செய்தாராம். பதினேழு ஆண்டுகள் கழிந்து, 1903-இல், அயர்லாந்தின் கார்க் துறைமுகத்தில் ஹார்ம்ஸ்வொர்த் கோப்பைக்கான முதற் பந்தயம் நடந்தது. வென்ற படகின் வேகம் மணிக்கு 20 மைலையும் எட்டவில்லை.

அதே காலத்தில், பந்தயத்தோடு தொடர்பே இல்லாத வேறோர் இடத்தில், நீர்மேல் எழும் ஓசைக்கு எதிரான முதற்பெரும் முயற்சி தொடங்கிற்று. நியூயார்க் நகரில் ஹட்சன் ஆற்றை நோக்கிய மாளிகையொன்றில் ஜூலியா பார்னெட் ரைஸ் என்னும் அம்மையார் வாழ்ந்தார். மருத்துவம் பயின்றவர். ஆற்றில் இரவு முழுவதும் இழுவைப் படகுகள் ஊதிய நீராவிச் சங்கு அவரை உறங்கவிடவில்லை. செல்வம் படைத்தவராதலின் வேறிடம் சென்றிருக்கலாம். அவ்வாறு செய்யாமல், 1905-இல் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர்களை அமர்த்தி, ஊதல்களை எண்ணிக் குறிக்கச் செய்தார். ஓர் இரவில் மட்டும் ஏறக்குறைய 3,000 ஊதல்கள் கணக்காயின.

அம்மையாரின் நுண்மதி அடுத்த அடியில் விளங்குகிறது. ஊதலே கூடாதென்று அவர் வாதிடவில்லை. பனியிலும் இருளிலும் எதிர்ப்படும் கலத்துக்கு எச்சரிக்கை கொடுக்க ஊதல் இன்றியமையாதது என்பதை ஒப்புக்கொண்டார். ஆயினும் அம்மூவாயிரத்தில் பெரும்பகுதி எச்சரிக்கைக்காக எழுந்தவையல்ல. தெரிந்த படகைக் கண்டால் முகமன் கூறுவதற்கு ஓர் ஊதல். கரையில் தங்கிவிட்ட ஆட்களை அழைப்பதற்கு ஓர் ஊதல். இவற்றைக் கேட்டுத் துன்புற்றவர்களில், ஆற்றோரத்து மருத்துவமனைகளில் படுத்திருந்த ஏழை நோயாளிகளே மிகுதி. ஆகவே ஓசையை ஒழிப்பது அவர் நோக்கமன்று. தேவையான ஓசையையும் தேவையற்ற ஓசையையும் பிரித்துக் காட்டுவதே அவர் நோக்கம். 1906-இல் அவர் நிறுவிய சங்கத்தின் பெயரே ‘தேவையற்ற ஓசையை அடக்கும் சங்கம்’ என்பது. நாடாளுமன்ற உறுப்பினர் வில்லியம் பென்னெட் கொண்டுவந்த சட்டம் 1907-இல் நிறைவேறியது. துறைமுகங்களில் வீணாக ஊதுவது அடங்கிற்று. அடுத்து அம்மையார் மருத்துவமனைகளைச் சுற்றி அமைதி வட்டங்கள் ஏற்பட உழைத்தார். மருத்துவமனைகளுக்கு அருகே சத்தமிடுவதில்லை என்று உறுதிமொழி தந்த சிறுவர் சிறுமியரின் கிளைக்கு எழுத்தாளர் மார்க் ட்வெயின் கௌரவத் தலைவராக இருந்தார்.

அம்மையாரின் கணவர் ஐசக் ரைஸ் 1899-இல் எலெக்ட்ரிக் போட் கம்பெனியை நிறுவியவர். மின்சாரப் படகு ஓசையின்றிச் செல்லும் என்பதை அவ்வீட்டார் நன்கறிந்திருப்பர். ஆனால் உலகம் பெட்ரோலைத் தேர்ந்தெடுத்தது. பெட்ரோல் எஞ்சினுள் ஒவ்வொரு முறையும் எரிபொருள் வெடித்து, சூடான புகை குழாய் வழியே வெளியே பாய்கிறது. அப்பாய்ச்சலே அந்தப் பேரோசை. 1909-இல் துப்பாக்கிக்கான ஓசையடக்கிக்குக் காப்புரிமை பெற்ற ஹைரம் பெர்சி மேக்சிம், அதே தத்துவத்தை மோட்டார்ப் படகுக்கும் பயன்படுத்திக் கருவி செய்து விற்றார். நம்மூரில் மோட்டார் சைக்கிள் பழுதுபார்ப்பவர் சொல்லும் ‘சைலன்சர்’ அதன் உறவினம்தான்.

ஆகவே இக்கதையில் ஒன்றை மறத்தலாகாது. எஞ்சினின் ஓசையை அடக்கும் வழி எஞ்சினோடு ஏறக்குறைய ஒட்டியே பிறந்துவிட்டது. சாதாரண மோட்டார்ப் படகில் புகையைக் குளிர்நீரோடு கலந்து நீருக்கடியில் விட்டுவிடுவர். நீரே ஓசையை விழுங்கிவிடும். பந்தயக்காரனோ புகைக்குழாயைப் படகின் பின்புறத்தில், நீர்மட்டத்துக்கு மேலே, நேராக வெளியே நீட்டி வைத்தான். புகை வெளியேறத் தடையிருந்தால் குதிரைத்திறன் குறையும் என்பது அவன் வாதம். அதில் உண்மையும் உண்டு. ஆயினும் திறனைவிட முழக்கத்துக்காகவே குழாயைத் திறந்து வைத்தவர் எத்தனையோ பேர்.

முதல் உலகப் போர் முடிந்தபின் இம்முழக்கம் பன்மடங்காயிற்று. விமானங்களுக்கென்று செய்து மிஞ்சிப்போன எஞ்சின்கள் படகுகளில் ஏறின. அமெரிக்கரான கார் வுட், 1932-இல் நான்கு பேக்கர்ட் எஞ்சின்கள் பூட்டிய ‘மிஸ் அமெரிக்கா 10’ என்னும் படகை மணிக்கு 124 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் செலுத்தினார். 1950-இல் சியாட்டில் நகரத்து வாஷிங்டன் ஏரியில், ஆலிசன் விமான எஞ்சின் பூட்டிய ‘ஸ்லோ-மோ-ஷன் 4’ மணிக்கு 160 மைலைத் தாண்டியது. இத்தகைய படகுகளுக்கு மக்கள் இட்ட பெயர் ‘இடிப்படகுகள்’. அப்பெயரில் வெறுப்பு இல்லை, பெருமிதமே இருந்தது.

இதற்கிடையில் ஒரு வேடிக்கையும் நிகழ்ந்தது. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு நிலவியபோது, கள்ளச் சரக்கு கடத்தியோரும் அதே விமான எஞ்சின்களைத் தம் படகுகளில் பூட்டிக்கொண்டனர். அவர்கள் மட்டும் புகைக்குழாயை நீருக்கடியில் செலுத்தி ஓசையை அடக்கினர். வேகமும் அமைதியும் ஒருங்கே கூடும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுவதில்லை. சட்டத்துக்கு அஞ்சியவன் எஞ்சினை அடக்கினான், அஞ்சவேண்டாதவன் முழங்கவிட்டான்!

முழக்கத்தை விரும்புவோரின் மனத்தையும் நாம் உணர்ந்து பார்த்தல் வேண்டும். கேரளத்தில் 1952-இல் தொடங்கிய நேரு கோப்பைப் படகுப் போட்டியை ஆலப்புழையின் புன்னமடைக் காயலில் கண்டவர்கள், வஞ்சிப்பாட்டும் ஆரவாரமும் இல்லாத ஒரு போட்டியைக் கற்பனை செய்யமாட்டார்கள். அங்கே எஞ்சின் இல்லை. மனிதக் குரலே இடியாகிறது. அவ்வோசையின்மேல் எவரும் வழக்காடுவதில்லை. ஏனெனில் அது திருவிழாவின் ஓசை. நாள் தெரிந்தது, இடம் தெரிந்தது, முடிவும் தெரிந்தது. வாரந்தோறும் நள்ளிரவில் எழும் ஓசைக்கு அத்தகைய முடிவில்லை.

முழக்கத்துக்கு வரம்பு வேண்டுமென்று எழுந்தவர்களுக்கு முதற்கண் கிடைத்த இடையூறு அளவுகோல் இன்மை. ‘நியாயமற்ற ஓசை கூடாது’ என்று சட்டம் எழுதினால், எது நியாயம் என்று நீதிமன்றம் கேட்கும். காவலர் காதுக்கும் படகோட்டி காதுக்கும் வேற்றுமை உண்டல்லவா? 1920-களில் அமெரிக்கத் தொலைபேசிப் பொறியாளர்கள் டெசிபல் என்னும் அளவைக் கொண்டுவந்தனர். நியூயார்க் நகரம் 1929-இல் அமைத்த ஓசைத் தணிப்புக் குழு, தெருத்தெருவாகச் சென்று இரைச்சலை அவ்வளவையால் அளந்தது. டெசிபல் கணக்கு சாதாரணக் கூட்டல் அன்று. பத்து டெசிபல் ஏறினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும். காதுக்கோ ஏறத்தாழ இரு மடங்காகத் தோன்றும். சாதாரண உரையாடல் 60 டெசிபல் அளவினது என்று கொண்டால், மற்றவற்றை நாமே ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

அளவு கிடைத்தும் வழக்கு முடியவில்லை. தொடக்கத்தில் வகுத்த சோதனையின்படி, ஏரியில் மிதவைகள் நட்டு, படகை முழு வேகத்தில் ஓடச் செய்து, குறித்த தூரத்திலிருந்து ஒலியை அளக்க வேண்டும். ஆய்வுக்கூடத்துக்கு ஏற்ற முறைதான். ஆனால் இரவில் தனியொரு சுற்றுக்காவல் படகில் செல்லும் காவலர் மிதவைக்கு எங்கே போவார்? ஆதலின் பிற்காலத்தில் இரண்டு எளிய சோதனைகள் வகுக்கப்பட்டன. முதலாவது, நிறுத்திய படகின் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, அருகிலேயே கருவியை நீட்டி அளப்பது. இரண்டாவது, ஓடும் படகின் ஓசையைக் கரையில் நின்று அளப்பது. கலிபோர்னியா மாநிலச் சட்டத்தில், நிறுத்திய நிலையில் 1993 ஜனவரிக்கு முன்பு செய்த எஞ்சினுக்கு 90 டெசிபலும், அதற்குப் பிற்பட்டதற்கு 88 டெசிபலும் வரம்பு. கரையில் 75 டெசிபல். அனுமதி பெற்று நடைபெறும் பந்தயங்களுக்கு விலக்கு உண்டு.

இவ்விரண்டு சோதனைகளுக்கும் இடையேயுள்ள வேற்றுமை நம் கருத்துக்குரியது. முதற் சோதனை எஞ்சினைக் கேள்வி கேட்கிறது. இரண்டாவது சோதனை கரையைக் கேள்வி கேட்கிறது. படகுக்காரர்கள் சிலர் பொத்தானை அழுத்தினால் புகை நீருக்கடியிலும், மறுபடி அழுத்தினால் வெளியிலும் செல்லும்படி குழாய் அமைத்துக்கொண்டனர். நிறுத்திச் சோதிக்கும்போது அப்படகு பசுவைப் போல் சாதுவாக நிற்கும். கரையில் நின்று அளப்பவரை மட்டும் அது ஏமாற்ற இயலாது. துன்பம் எங்கே உணரப்படுகிறதோ அங்கே அளக்கவேண்டும் என்னும் அரிய நெறி இவ்வாறு சட்டத்தில் இடம்பெற்றது.

இங்கிலாந்து வேறு வழியில் சென்றது. அந்நாட்டின் மிகப் பெரிய இயற்கை ஏரியான விண்டர்மியர், விரைவுப் படகுகளின் பழம்பெரும் களம். சர் ஹென்றி சீக்ரேவ் 1930 ஜூன் 13-ஆம் நாள் உலக வேகச் சாதனை படைத்து, அதே நாளில் படகு கவிழ்ந்து உயிர் நீத்த ஏரி அது. அங்கே டெசிபலை வரம்பாக்காமல் வேகத்தையே வரம்பாக்கினர். மணிக்குப் பத்துக் கடல்மைல் என்னும் விதி 2000-இல் ஒப்புதல் பெற்று, ஐந்தாண்டு அவகாசத்துக்குப் பின் 2005 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. வேகம் அடங்கியதால் இரைச்சலும் அலையும் சேர்ந்தே அடங்கின. ஆயினும் நீர்ச்சறுக்கு விளையாட்டை நம்பிக் கரையில் தொழில் நடத்தியோர் பிழைப்பிழந்து வருந்தினர். அமைதிக்கும் ஒரு விலை உண்டு. அதை எப்பொழுதும் அமைதியை விரும்பியவரே கொடுப்பதில்லை என்பதையும் நாம் நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். அருகிலுள்ள கானிஸ்டன் ஏரியிலும் வேக வரம்பு உண்டு. அங்கே ஆண்டுக்கொரு வாரம் மட்டும் சாதனை முயற்சிகளுக்காக வரம்பைத் தளர்த்திவைக்கும் வழக்கம் ஏற்பட்டது. ஓசைக்கும் ஒரு திருவிழா நாள் குறித்துக் கொடுத்தார்கள் எனலாம்.

நம் நாட்டின் நிலையும் இதற்கு வேறானதன்று. 2000-ஆம் ஆண்டின் ஓசை மாசு விதிகள், மருத்துவமனை, கல்விக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத அமைதி வட்டத்துக்கு இடம் தருகின்றன. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபலும், இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை 45 டெசிபலும் வரம்பு. 2005-இல் உச்ச நீதிமன்றமும் ஓசை மாசு பற்றி விரிவாகத் தீர்ப்புரைத்தது. மும்பையிலோ கொல்கத்தாவிலோ தில்லியிலோ மருத்துவமனை வாயிலில் ஒலிப்பான் அடிக்கலாகாது என்னும் பலகையைக் காணும்போது, ஹட்சன் கரையில் ஊதல்களை எண்ணிய மாணவர்களை நாம் நினைத்துக்கொள்ளலாம்.

அவ்வரலாறு நமக்குக் காட்டும் வழி எளியது. ஓசையின்மேல் கோபம் கொண்டவர்கள் அதிகம் சாதிக்கவில்லை. உட்கார்ந்து எண்ணியவர்கள் சாதித்தார்கள். எல்லாம் நிறுத்தப்பட வேண்டும் என்றவர்களைவிட, எது தேவை, எது தேவையற்றது என்று பிரித்துக் கேட்டவர்களுக்கே உலகம் செவிசாய்த்தது. அடுத்த திருவிழாவில் நம் சங்கத்து மண்டபத்தில் ஒலிபெருக்கி கட்டும்போது, மேடையில் நின்று கேட்டால் போதாது. ஒருவர் தெருவைக் கடந்து, எதிர் வீட்டுத் திண்ணையருகே சென்று நின்று கேட்டுவிட்டு வருவது நன்று. ஓசைக்குரிய எல்லைக்கல் அவ்விடத்தில்தான் இருக்கிறது.