கொழுத்த எழுத்தின் கதை

அச்சுக்கலையின் வரலாறு என்றதும் குட்டன்பர்க்கில் தொடங்கி, நூல்களை அச்சிட்டோரைப் பாராட்டி முடித்துவிடுவது நம் வழக்கம். கடைப்பலகைக்கும் விளம்பரத் தாளுக்கும் உரிய எழுத்துக்கும் வரலாறு உண்டென எண்ணுவோர் சிலரே. அத்தகைய எழுத்துகளுள் 'கூப்பர் பிளாக்' என்பது தனிச்சிறப்புடையது.

இதனை வரைந்தவர் ஆஸ்வால்டு புரூஸ் கூப்பர். 1879இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் பிறந்த இவர், ஓவியம் பயிலச் சிக்காகோ சென்றார். ஆங்கே ஃபிரெடரிக் கௌடியிடம் எழுத்துக்கலை கற்றார். 1904இல் ஃபிரெட் பெர்ட்ஷ் என்பாருடன் சேர்ந்து விளம்பர நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். பிறர் பொருளை விற்பதற்காக எழுத்து வரைந்த கைதான் 1922இல் இத்தடித்த எழுத்தை ஈந்தது. அதனை வார்த்து விற்றது பார்ன்ஹார்ட் சகோதரர்கள் - ஸ்பிண்ட்லர் என்னும் சிக்காகோ வார்ப்பகம்.

ரோமன் எழுத்தின் கோட்டு நுனிகளில் குறுக்கே அமையும் சிறு முனையைச் 'செரிஃப்' என்பர். பெரும்பாலான தலைப்பெழுத்துகளில் அது கத்திபோல் கூர்மையாக நிற்கும். கூப்பரோ அக்கூர்மையை அறவே நீக்கினார். பிசைந்த மாவை உருட்டி வைத்தாற்போல முனைகள் யாவும் வளைந்திருக்கும். 'ஓ' என்னும் எழுத்தின் உள்வெளியோ சற்றே பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். அழகுக்காக மட்டும் அமைந்தது அன்று இது. மெல்லிய கோடுகள் மட்டமான தாளில் அறுபட்டுப் போகும். இங்கு அறுபட மெல்லிய கோடே இல்லை. அதே காரணத்தால் சிறிய அளவில் இது பயன்படாது. உள்வெளி மையால் அடைபடும். பத்தி பத்தியாக இதில் நூல் அச்சிடுவோர் வாசகரின் கண்ணுக்குப் பகைவரே.

தொலைநோக்குள்ள அச்சகத்தாரின் கிட்டப்பார்வை வாடிக்கையாளருக்கு இது உகந்தது எனக் கூப்பர் வேடிக்கையாகச் சொன்னாராம். மரபு பேணிய அச்சாளருக்கு இந்நகைச்சுவை சுவைக்கவில்லை. இதன் பருமனை நாகரிகமின்மை என்றே கருதினர். அவர்கள் கூற்றை என்னால் ஏற்க இயலவில்லை. கரும்பலகையில் தடித்து எழுதும் ஆசிரியரை யாரும் நாகரிகமற்றவர் என்பதில்லை. கடைசி வரிசை மாணவனுக்கும் தெரிய வேண்டுமென்றே அவர் அவ்வாறு எழுதுகிறார். தெருவில் விரைந்து செல்பவன் அக்கடைசி வரிசை மாணவனை ஒத்தவன். நூலுக்குரிய அளவுகோலைக் கொண்டு பலகையை அளப்பது முறையாகாது.

கூப்பர் 1940இல் மறைந்தார். ஈய அச்சு தளர்ந்து ஒளியச்சுக் கோப்பு வந்தபின், எழுத்துகளை ஒன்றோடொன்று நெருக்கி வைப்பது எளிதாயிற்று. உருண்ட உருவங்கள் நெருங்கும்போது கூழாங்கற்களை அடுக்கினாற்போல ஒரு நயம் தோன்றும். 1966இல் பீச் பாய்ஸ் இசைக்குழுவினரின் 'பெட் சவுண்ட்ஸ்' இசைத்தட்டு உறையில் இதனைக் காணலாம். இளைஞர் சட்டைகளிலும் உணவுக்கடைப் பலகைகளிலும் பின்னர் இது பரவியது. 1995இல் தொடங்கிய ஈஸிஜெட் விமான நிறுவனமும் தன் பெயரை இவ்வெழுத்திலேயே ஆரஞ்சு வண்ணத்தோடு எழுதிக்கொண்டது.