பனிமலைப் பாதையும் நெடுந்தூர ஓட்டமும்



நெடுந்தூர ஓட்டப் பந்தயத்தின் வெற்றி கோடையில் அறுவடையாகிறது. அதன் விதைப்போ குளிர்காலத்தில் நிகழ்கிறது. மேல்நாட்டுப் பயிற்சியாளர் பலர் தம் அனுபவத்தாற் கண்ட உண்மை இது. செக்கோஸ்லவாக்கியப் படையிற் பணியாற்றிய எமில் சாட்டொபெக், கனத்த சப்பாத்துகளை அணிந்து பனி படிந்த நிலத்தில் ஓடிப் பழகியவர். அவரே 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக் விழாவில் 5,000 மீற்றர், 10,000 மீற்றர், மரதன் ஆகிய மூன்று ஓட்டங்களிலும் தங்கப் பதக்கம் பெற்றார். நியூசிலாந்தின் ஆதர் லிடியார்ட் சப்பாத்துத் தொழிற்சாலையில் வேலை செய்தும் பால் விநியோகித்தும் வாழ்ந்த சாதாரண மனிதர். அவர் தம் மாணாக்கரைக் குளிர்கால மாதங்களில் வாரத்துக்கு ஏறத்தாழ 100 மைல் வீதம் மலைச்சாலைகளில் ஓடச் செய்தார். 1960ஆம் ஆண்டு செப்டெம்பர் 2ஆம் நாள் ரோமாபுரியில், ஒரு மணி நேர இடைவெளிக்குள், அவருடைய மாணாக்கர் இருவர் ஒலிம்பிக் தங்கம் வென்றனர். 800 மீற்றரில் பீட்டர் ஸ்னெல். 5,000 மீற்றரில் மறே ஹால்பேர்க்.

குளிர்காலப் பயிற்சியின் இரகசியம் எளியது. வேகத்தை நாடாமல், நிதானமாக, நெடுநேரம், நாள் தவறாமல் ஓடவேண்டும். அவ்வாறு ஓடுங்கால் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் மிகுதியான குருதியைச் செலுத்தும் ஆற்றல் பெறுகிறது. தசைகளுக்குள் நுண்ணிய குருதிக் குழாய்கள் பெருகுகின்றன. குளிர்ந்த காற்று உடலின் வெம்மையைத் தணித்து, நெடுநேர உழைப்பைத் தாங்கச் செய்கிறது. வேகப் பயிற்சி இதன் பின்னரே வரும்.

வெப்பம் மிக்க இலங்கைத் தீவிற் குளிர்காலம் எங்கே உளது என்று நேயர்கள் வினவலாம். மத்திய மலைநாட்டில் உளது என்பதே விடை. ஹட்டன் நகர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்தில் அமைந்துள்ளது. நுவரெலியாவின் உயரம் ஏறத்தாழ 1,870 மீற்றர். தை, மாசி மாதங்களில் வானம் தெளிந்து, மழை குறைந்து, இரவிற் குளிர் இறங்குகிறது. விடியற்காலையில் நுவரெலியாவின் தாழ்ந்த நிலங்களிற் புல்லின்மேல் வெண்பனி உறைந்து கிடப்பதும், தேயிலைக் கொழுந்து பனியிற் கருகுவதும் உண்டு. ஓட்டப் பயிற்சிக்கு இதனினும் ஏற்ற பருவத்தை இத்தீவில் வேறெங்கும் காண்டல் அரிது. தலைநகரத்து ஓட்டவீரர் பயிற்சிக்காக நுவரெலியாவை நாடி வருவதும் இதனாலேயே.

விருந்தினராய் வந்து ஓடும் வீரருக்கு அம்மலை பயிற்சிக்களம். அங்கேயே பிறந்து வளர்ந்த தோட்டத் தொழிலாளருக்கு அது யாதாயிற்று? இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட வினா இதுவே.

மலையகத் தமிழரின் வரலாறு கால்நடையாகத் தொடங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்கள் பெருகியபோது, தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணிமாரின் பின்னே புறப்பட்ட மக்கள் மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து வடபாதை வழியே காட்டினூடே நடந்து மாத்தளையை அடைந்தனர். ஏறக்குறைய 130 மைல் தூரம். குடிநீர் அரிது, கொலராவும் மலேரியாக் காய்ச்சலும் வழித்துணையாயின. வழியிலே வீழ்ந்தோர் பலர். அந்நடையிற் பிழைத்தவரின் வழித்தோன்றல்களே இன்றைய மலையக மக்களிற் பெரும் பகுதியினர்.

மலையை அடைந்த பின்னரும் நடை ஓயவில்லை. 1867இற் புகைவண்டி கண்டியை எட்டியது. அதே ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கர் நிலத்திலே தேயிலை பயிரிட்டார். 1869இற் கோப்பியைப் பற்றிய இலைநோய் பரவி அப்பயிரை அழிக்கவே, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. ஹட்டனுக்குப் புகைவண்டி வந்தது 1884இல். நானுஓயாவுக்கு வந்தது 1885இல். ஆனால் நிலையத்துக்கும் தோட்டத்துக்கும் இடையே பள்ளத்தாக்குகளும் சிகரங்களும் கிடந்தன. அவ்விடைவெளியை மனிதக் கால்களே நிரப்பின.

ஒவ்வொரு தோட்டத்திலும் தப்பால்காரன் என ஒருவன் இருந்தான். துரையின் கடிதப் பையைத் தோளிலே மாட்டிக்கொண்டு, குறுக்குப் பாதைகளால் இறங்கித் தபாற் கந்தோரை அடைந்து, வந்த கடிதங்களுடன் மீண்டும் மலையேறுவது அவன் அன்றாடப் பணி. துரையின் வீட்டுக்கு இறைச்சியும் பாணும் பெட்டியிற் சுமந்து வந்தவன் வேறொருவன். மழையாயினும் பனியாயினும் தலையிற் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, வெறுங்காலுடன் இவர்கள் சென்று வந்தனர். நாள்தோறும், நிதானமாக, ஏற்ற இறக்கங்களில் நெடுந்தூரம் செல்லுதல் என்ற லிடியார்டின் விதியை, அவர் பிறப்பதற்கு முன்பே, பரிசு எதனையும் எதிர்பாராமல் இவர்கள் கடைப்பிடித்தனர். இவர்களுடைய பெயரோ, இவர்கள் எடுத்துக்கொண்ட நேரமோ எவராலும் குறித்து வைக்கப்படவில்லை.

பெண்களின் உழைப்பு இதனினும் கடினமானது. விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று, பின்னர்ச் செங்குத்தான தேயிலைச் சரிவுகளில் ஏறி, முதுகிற் கூடையைச் சுமந்தபடி கொழுந்தெடுத்து, நிறுவைக்குச் சுமந்து வரவேண்டும். தோட்டத்து வழக்கிற் தேயிலைக் காட்டை 'மலை' என்றே சொல்லுவர். வேலைக்குப் போவதென்றால் மலைக்குப் போவது என்றே பொருள்.

இத்துணை ஏற்றமும் இத்துணை உழைப்பும் கொண்ட ஒரு சமூகத்திலிருந்து ஓட்டவீரர் நூற்றுக்கணக்கில் எழுந்திருக்க வேண்டுமன்றோ? 1968ஆம் ஆண்டு 2,240 மீற்றர் உயரமுள்ள மெக்சிக்கோ நகரில் ஒலிம்பிக் விழா நடந்தபோது, உயர்ந்த மலைநிலங்களில் வளர்ந்தோரின் வலிமையை உலகம் கண்டது. 10,000 மீற்றரிற் கென்யாவின் நப்தாலி தெமுவும், மரதனில் எத்தியோப்பியாவின் மாமோ வோல்டேயும், 1,500 மீற்றரிற் கென்யாவின் கிப் கைனோவும் முதலிடம் பெற்றனர். மலைவாசம் எவ்வாறு உதவுகிறது? உயரத்திற் காற்றழுத்தம் குறைவு. நுவரெலியாவில் ஒரு மூச்சிற் கிட்டும் ஒட்சிசன், கடற்கரையிற் கிட்டுவதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவாகும். இக்குறையை ஈடுசெய்யச் சிறுநீரகம் ஒருவகைச் சுரப்பைக் கூட்டுகிறது. அதனால் எலும்பு மச்சை மிகுதியான செங்குருதிக் கலங்களை உண்டாக்குகிறது. குருதி வளம் பெறுகிறது, மூச்சு நீள்கிறது.

ஆனால் மலை வெறுங்கையாற் குருதியை ஆக்கித் தருவதில்லை. அதற்கு இரும்புச்சத்து வேண்டும். தோட்டத்து வரலாற்றின் துயரம் இங்கேதான் மறைந்து கிடக்கிறது.

வெறுங்காலால் ஈரமண்ணில் நடந்தோரின் உள்ளங்காலைத் துளைத்துக்கொண்டு கொக்கிப்புழு உடலுட் புகுந்தது. குடலில் ஒட்டி நின்று குருதியை உறிஞ்சியது. 1916ஆம் ஆண்டில் றொக்பெல்லர் நிறுவனத்தார் இலங்கையிற் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியபோது, மாத்தளைப் பகுதித் தோட்டங்களையே முதலிற் தேர்ந்தெடுத்தமை காரணமின்றி அன்று. உணவிலும் இரும்புச்சத்து குறைவு. ரொட்டியுடன் சாயத்தண்ணீர் அருந்தும் வழக்கமோ இருந்த சத்தையும் உடலிற் சேரவிடாமற் தடுத்தது. உணவோடு பருகும் தேநீருக்கு அத்தன்மை உண்டு. உலகுக்குத் தேயிலை தந்தவர் குருதியைத் தேநீரே மெலிவித்தது என்பது எண்ணி வருந்தத் தக்கது.

இது வெறும் ஊகமன்று. 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னிய ஆராய்ச்சியாளரும் இலங்கை மருத்துவரும் இணைந்து தேயிலைத் தோட்டப் பெண்களைப் பரிசோதித்தனர். ஓட்டவீரரைச் சோதிக்கும் நகரும் பட்டைப் பொறியின்மீது அப்பெண்களை நடக்கச் செய்தனர். 1977இல் வெளிவந்த முடிவு தெளிவானது. குருதியில் ஈமோகுளோபின் எவ்வளவு குறைவோ அவ்வளவு விரைவில் உடல் களைத்தது. 1979இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு இரும்புச்சத்து மருந்தளித்துப் பார்த்தது. ஒரு திங்களின் பின், மருந்து பெற்றோர் எடுத்த கொழுந்தின் அளவு கூடியிருந்தது. சோகை மிகுந்தோரிடம் அம்முன்னேற்றமும் மிகுந்திருந்தது. சோம்பல் என்று எவரேனும் பழித்திருந்தால், அப்பழி மக்களைச் சாராது. ஊட்டம் குன்றிய உணவையே சாரும். மலை ஒரு கையாற் கொடுத்ததை வறுமை மறுகையாற் பறித்துக்கொண்டது.

இரண்டாவது குறை ஓய்வின்மை. பயிற்சியென்பது உழைப்பும் இளைப்பாறுதலும் மாறிமாறி வருவது. உழைத்த தசை உணவாலும் உறக்கத்தாலும் புதுவலிமை பெறுகிறது. லயத்தின் ஒற்றை அறையிற் குடும்பம் முழுவதும் முடங்கி உறங்கி, மறுநாள் விடியுமுன் மீண்டும் மலையேறுவோருக்கு உழைப்பு மாத்திரமே உண்டு. அது வலிமையைச் சேர்ப்பதற்கு மாறாகத் தேய்த்துவிடும்.

மூன்றாவது குறை சட்டத்தால் வந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலாரை நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாற் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று. எஞ்சியோரின் கதி பின்னர் தீர்மானிக்கப்படும் என விடப்பட்டது. 1970இற் பாங்கொக்கில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் எஸ். எல். பி. றோசா 5,000 மீற்றர், 10,000 மீற்றர் ஆகிய இரு ஓட்டங்களிலும் தங்கம் வென்று இலங்கைக்குப் பெருமை தேடித் தந்தார். அந்நாளில் ஹட்டன் மலையிலே அவரினும் விரைவாக ஓடக்கூடிய ஒரு சிறுவன் இருந்திருப்பினும், குடியுரிமை அற்றவனாயின், நாட்டின் சின்னத்தை அவன் மார்பில் அணிந்திருக்க முடியாது. நாடற்ற நிலைக்கு முற்றுப்புள்ளி வைக்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது.

ஆகவே, மலையகத்திற் பயிற்சி இருந்தது, பந்தயம் இருக்கவில்லை. கால்கள் இருந்தன, குருதிக்கு ஊட்டமும், உடலுக்கு ஓய்வும், பெயருக்கு ஒரு நாடும் இருக்கவில்லை.

இந்நிலை இன்று மாறி வருகிறது. ஆண்டின் முதற் தவணையில் மலையகப் பாடசாலைகள் இல்ல விளையாட்டுப் போட்டிகளை முன்னிட்டு மரதன் ஓட்டம் நடத்துகின்றன. சித்திரைப் புத்தாண்டிலும் ஊர்தோறும் மரதன் உண்டு. குமார் சண்முகேஸ்வரன், வேலு கிருஷாந்தினி போன்ற மலையகத்தார் தேசிய மட்டத்து நெடுந்தூர ஓட்டங்களிற் பெயர் பதித்துள்ளனர். நாட்டின் பெயர் பொறித்த அங்கியை அணியும் உரிமையை இவர்களிடமிருந்து எந்தச் சட்டமும் இன்று பறிப்பதில்லை.

இவர்களைப் பின்பற்ற விழையும் மலையக இளைஞருக்கும் நங்கையருக்கும் வரலாறு புகட்டும் பாடங்கள் சில உள. மார்கழி முதல் மாசி வரையுள்ள குளிர்மாதங்களை வீணாக்காதீர்கள். அக்காலத்தில் வேகத்தை மறந்து தூரத்தைக் கூட்டுங்கள். பக்கத்தில் ஓடுபவருடன் பேச இயலும் அளவுக்கு நிதானமாக ஓடுங்கள். வாரத்தில் ஒரு நாளேனும் உடலுக்கு முழு ஓய்வளியுங்கள். கடும்பயிற்சிக்கு முன் மருத்துவமனையில் ஈமோகுளோபின் அளவைச் சோதித்துக்கொள்ளுங்கள். பெண்பிள்ளைகள் இதனை ஒருபோதும் தவிர்க்கலாகாது. கீரை, பயறு, மீன், முட்டை ஆகியவற்றை இயன்றவரை உண்ணுங்கள். கொய்யாப்பழமோ தேசிக்காய்ச் சாறோ உடன் சேர்ந்தால், கீரையிலும் பயற்றிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் நன்கு சேரும். தேநீரை உணவோடு பருகாது ஒரு மணி நேரம் கழித்துப் பருகுங்கள். ஈரமண்ணில் வெறுங்காலுடன் செல்லாதீர்கள். 1960இல் ரோமாபுரியில் எத்தியோப்பியாவின் அபெபே பிக்கிலா வெறுங்காலுடன் ஓடி மரதனை வென்றது உண்மையே. ஆயினும் அவர் ஓடியது நகரத்துக் கல்வீதியில். கொக்கிப்புழு வாழும் சேற்றிலன்று.

ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் ஒரு சொல். மலையேறிப் பாடசாலைக்கு வரும் பிள்ளையின் கால்களில் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட பயிற்சியின் வரலாறு இருக்கிறது. அப்பிள்ளைக்கு ஒருவேளை நல்லுணவும், ஒரு சோடிச் சப்பாத்தும், மாலையில் ஒரு மணி நேர ஓய்வும் கிட்டுமாயின், எஞ்சியவற்றை மலை பார்த்துக்கொள்ளும். தப்பால்காரன் ஓடிய பாதையில், அவன் பேரப்பிள்ளைகள் தமக்காக ஓடட்டும்; அவர்கள் கடந்த தூரமும் நேரமும் இனியேனும் ஏட்டிற் குறிக்கப்படட்டும்.