ஒரே அடியில் சாகாத வீரன்

போர் விளையாட்டுகளில் சிப்பாய் சாவது பெரிய விஷயமே இல்லை. மேசைமேல் ஈயப் பொம்மைகளை அணிவகுத்து நிறுத்துவார்கள், பகடை உருட்டுவார்கள், அடிபட்ட பொம்மையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு அடுத்த முறைக்குப் போய்விடுவார்கள். அந்தப் பொம்மைக்குப் பெயர் கிடையாது. அதற்காக யாரும் வருத்தப்பட்டதும் கிடையாது.

1971-இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், ஒரு வீட்டின் நிலவறையில், இந்த வழக்கம் மாறியது. அங்கே ஒரு பொம்மை என்றால் ஒரே ஓர் ஆள். அந்த ஆளுக்கு ஒரு பெயர், ஒரு கதை. அவன் செத்தால் அவனை ஆடியவருக்கு வலித்தது. கையில் இருந்த விதிகளோ பெயரில்லாத சிப்பாய்களுக்காக எழுதப்பட்டவை. வீரனை விட்டுவிடுவதா, விதியை மாற்றுவதா என்று கேள்வி வந்தபோது, அவர்கள் விதியை மாற்றினார்கள்.

அப்படி ஒவ்வொன்றாக மாற்றியவையே 1974-இல் அச்சான 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற ஆட்டத்துக்கு அடித்தளம். இன்று மொபைல் விளையாட்டில்கூடத் தென்படுகிற ஹிட் பாயிண்ட், லெவல், எக்ஸ்பீரியன்ஸ் பாயிண்ட் எல்லாம் உலகம் முழுக்கப் பரவியது இந்த ஆட்டத்தின் வழியாகத்தான்.

இந்த வகை ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். இதில் பலகையும் காய்களும் கட்டாயமில்லை. ஒருவர் நடுவர். அவர் ஒரு கற்பனை உலகத்தை விவரிப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டு, தங்கள் ஆள் என்ன செய்கிறான் என்று சொல்வார்கள். அது நடக்குமா நடக்காதா என்பதை நடுவரும் பகடையும் முடிவு செய்யும். ஜெயிப்பது, தோற்பது என்று ஒன்றும் இல்லை. அதே ஆட்களோடு வாரக்கணக்கில், வருடக்கணக்கில் கதை ஓடும். அந்தத் தொடர்கதைக்குத்தான் 'கேம்பெய்ன்' என்று பெயர்.

நடுவர் எங்கிருந்து வந்தார்?

கதை கொஞ்சம் பின்னால் தொடங்குகிறது. 1824-இல் பிரஷ்ய ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் 'கிரீக்ஸ்பீல்' என்ற போர்ப் பயிற்சி ஆட்டத்தின் விதிகளை வெளியிட்டார். அவருடைய தந்தை ஏற்கெனவே உருவாக்கியிருந்த ஆட்டத்தின் வளர்ந்த வடிவம் அது. வரைபடம், படைகளைக் குறிக்கும் கட்டைகள், பகடை, இவற்றோடு ஒரு நடுவர். இரு தரப்பும் தங்கள் உத்தரவுகளை நடுவரிடம் கொடுப்பார்கள். எதிரி எங்கே இருக்கிறான் என்பது நடுவருக்கு மட்டும் தெரியும்.

1880-இல் அமெரிக்க ராணுவத்தைச் சேர்ந்த சார்லஸ் டாட்டன் 'ஸ்ட்ரேட்டகோஸ்' என்ற புத்தகம் எழுதினார். ஆடுபவர் எதைச் செய்ய முயன்றாலும் நடுவர் தீர்ப்புச் சொல்லலாம் என்ற எண்ணம் அதில் இருந்தது. புத்தகத்தில் இல்லாத காரியத்தையும் ஆடுபவர் செய்து பார்க்கலாம் என்பதுதான் இதன் பொருள்!

கிட்டத்தட்ட தொண்ணூறு வருடம் கழித்து, மினசோட்டா பல்கலைக்கழக நூலகத்தில் அந்தப் புத்தகம் டேவிட் வெஸ்லி என்ற இளைஞர் கையில் கிடைத்தது. மினியாபொலிஸ், செயின்ட் பால் ஆகிய இரட்டை நகரங்களில் நெப்போலியன் காலப் போர் விளையாட்டு ஆடிக்கொண்டிருந்த குழுவில் அவரும் ஒருவர்.

தோற்றுப்போன ஓர் ஆட்டம்

1969-இல் வெஸ்லி ஒரு புது ஆட்டம் நடத்தினார். இடம் பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஜெர்மன் ஊர். இரு படைத் தளபதிகள் தவிர, கூடுதலாக வந்திருந்த நண்பர்களுக்கும் அவர் வேலை கொடுத்தார். ஒருவர் ஊர் மேயர், ஒருவர் வங்கிக்காரர், ஒருவர் மாணவர் என்று ஆளுக்கொரு வேடம். ஆளாளுக்கு ஒரு ரகசிய நோக்கம்.

திட்டம் என்னவோ ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் ஆட்டம் தொடங்கியதும் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள், தங்களுக்குள் சதி செய்தார்கள். இரண்டு பேர் ஒண்டிக்கு ஒண்டி சண்டைக்கு நின்றுவிட்டார்கள். அதற்கு விதியே கிடையாது. வெஸ்லி அந்த இடத்திலேயே ஒன்றை உருவாக்கிச் சமாளித்தார். போர் நடக்கவே இல்லை. ஆட்டம் தோற்றுப்போனது என்று நொந்துகொண்டு அவர் வீடு திரும்பினார். ஆனால் நண்பர்களோ, அடுத்தது எப்போது என்று கேட்டார்கள்!

அந்த நண்பர்களில் ஒருவர் டேவ் ஆர்னெசன், பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்துக்கொண்டிருந்தவர். வெஸ்லி ராணுவப் பணிக்குப் போனபிறகு இந்த வகை ஆட்டங்களை நடத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. 1971-இல் அவர் நெப்போலியனை விட்டுவிட்டு, மந்திரமும் அரக்கர்களும் உள்ள 'பிளாக்மூர்' என்ற நாட்டை உருவாக்கினார். ஒரு கோட்டை, அதன் கீழே அடுக்கடுக்காகச் சுரங்க அறைகள், உள்ளே புதையல், புதையலுக்குக் காவலாகப் பூதங்கள்.

கடன் வாங்கிய விதி

உலகம் தயார். சண்டை வந்தால் யார் ஜெயிப்பது? அதற்கு ஆர்னெசன் எடுத்துக்கொண்டவற்றில் ஒன்று, அதே 1971-இல் வெளியான 'செயின்மெயில்' என்ற சிறு புத்தகம். எழுதியவர்கள் கேரி கைகாக்ஸ், ஜெஃப் பெர்ரன். இடைக்காலப் படைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டு அது. புத்தகத்தின் கடைசியில் மந்திரவாதி, டிராகன், நாயகன் என்று ஒரு கற்பனைப் பகுதியையும் கைகாக்ஸ் சேர்த்திருந்தார்.

செயின்மெயிலில் பெரிய போர்களில் ஒரு பொம்மை 20 வீரர்களுக்குச் சமம். நாயகன் என்பவன் நான்கு பேருக்குச் சமமாகச் சண்டை போடுவான். 'சூப்பர் ஹீரோ' எட்டுப் பேருக்குச் சமம். நாயகனும் அரக்கனும் மோதினால் ஓர் அட்டவணையைப் பார்த்து இரண்டு பகடை உருட்ட வேண்டும். விளைவு பெரும்பாலும் இரண்டில் ஒன்று: எதிரி சாவான், அல்லது தப்பிப்பான். இடைப்பட்ட நிலை, காயம் என்பது இல்லை.

இதில் இரண்டு சிக்கல்கள்.

முதலாவது, கணக்குச் சிக்கல். யாரோடு யார் மோதினால் எத்தனை விழ வேண்டும் என்று அட்டவணை போட்டால், 10 வகை உயிர்களுக்கு 100 கட்டங்கள் தேவை. 20 வகை என்றால் 400. ஆர்னெசனோ புதுப்புது பூதங்களைக் கண்டுபிடித்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு புது பூதத்துக்கும் ஒரு முழு வரிசையும் ஒரு முழு நெடுவரிசையும் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது, மனச் சிக்கல். வாரக்கணக்காக வளர்த்த ஆள் ஒரே உருட்டலில் காலி. நண்பர்கள் இதை ஏற்கவில்லை.

கப்பலுக்கு எழுதியது மனிதனுக்கு

ஆர்னெசன் பிற்காலத்தில் சொன்னபடி, அவருக்கு விடை கிடைத்தது மாயாஜாலக் கதைகளிலிருந்து அல்ல, கப்பல் சண்டையிலிருந்து. அமெரிக்க உள்நாட்டுப் போரின் இரும்புக் கவசக் கப்பல்களுக்காக அவர் முன்பே சில விதிகள் எழுதி வைத்திருந்தார். கப்பல் ஒரே குண்டில் மூழ்காது. ஒவ்வொரு குண்டும் அதன் தாங்கும் சக்தியில் கொஞ்சம் குறைக்கும். அதோடு கப்பலின் கவசத்துக்கும் ஒரு தரம் உண்டு.

இந்த இரண்டையும் அவர் அப்படியே மனிதன் மேல் போட்டார். தாங்கும் சக்தி ஹிட் பாயிண்ட் ஆனது. கவசத்தின் தரம் 'ஆர்மர் கிளாஸ்' ஆனது.

மனிதன் கப்பல் அல்ல. பாதி உயிரோடு இருக்கிறவனும் முழுப் பலத்தோடு வாள் வீசுகிறான் என்பது நடைமுறைக்குப் பொருந்தாது. ஆனாலும் விதி இரண்டு சிக்கலையும் தீர்த்தது. அடி வாங்கியவனுக்கு இப்போது யோசிக்க நேரம் கிடைத்தது. நிற்பதா, ஓடுவதா, நண்பனைக் கூப்பிடுவதா? ஒரே உருட்டலில் செத்துப்போகிறவனுக்கு இந்தக் கேள்விகளே வராது. கதை பிறந்தது அந்த இடைவெளியில்தான்.

அட்டவணையும் சுருங்கியது. யாரோடு யார் என்று பார்க்கத் தேவையில்லை. அடிப்பவனின் படி என்ன, அடி வாங்குகிறவனின் கவசம் என்ன என்று பார்த்தால் போதும். அச்சில் வந்த 1974 விதிகளில், தொடக்க நிலை வீரன் ஒருவன் கவசமே இல்லாதவனை அடிக்க 20 பக்கப் பகடையில் 10 விழ வேண்டும். முழு இரும்புக் கவசமும் கேடயமும் உள்ளவனை அடிக்க 17 விழ வேண்டும். புது பூதம் வந்தால் அதற்குச் சில எண்கள் கொடுத்தால் முடிந்தது வேலை.

சாகாமல் பிழைத்தவன் அடுத்த வாரமும் வருவான். அடுத்த வாரம் வருகிறவன் கொஞ்சம் வளர வேண்டாமா? அங்கேதான் அனுபவப் புள்ளிகளும் படிநிலைகளும் வந்தன. இதில் ஒரு சுவாரசியம் உண்டு. 1974 விதிகளில் ஒவ்வொரு படிக்கும் ஒரு பட்டம். நான்காம் படியை அடைந்த வீரனின் பட்டம் 'ஹீரோ', எட்டாம் படியில் 'சூப்பர் ஹீரோ'. நான்கு பேருக்குச் சமம், எட்டுப் பேருக்குச் சமம் என்ற பழைய செயின்மெயில் கணக்கு அப்படியே படிக்கட்டாக மாறி நிற்கிறது.

ஏட்டில் ஏறிய சுரைக்காய்

1972-இன் பிற்பகுதியில் ஆர்னெசனும் அவருடைய நண்பர் டேவிட் மெகரியும் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள லேக் ஜெனீவா என்ற சிற்றூருக்குப் போய், கைகாக்ஸுக்கு பிளாக்மூரை ஆடிக் காட்டினார்கள். கைகாக்ஸ் 1970-இல் காப்பீட்டு நிறுவன வேலையை இழந்தவர். செருப்புத் தைத்துக்கொண்டே விளையாட்டு விதிகள் எழுதிக்கொண்டிருந்தார். பார்த்தவுடன் அவருக்குப் புரிந்துவிட்டது, இது வேறு ஏதோ ஒன்று என்று.

ஆனால் பிளாக்மூரின் விதிகள் பெரும்பாலும் ஆர்னெசன் தலைக்குள் இருந்தன. அவர் அனுப்பியது சுமார் இருபது பக்கக் குறிப்புகள். கைகாக்ஸ் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்து தட்டச்சு செய்தார். 'கிரேஹாக்' என்ற தன் கற்பனைக் கோட்டையில் முதலில் தன் பிள்ளைகளை வைத்தே ஆடிப் பார்த்தார். ஐம்பது பக்க வரைவு நூறு பக்கத்தைத் தாண்டியது. 1973-இல் அவரும் நண்பர் டான் கேயும் ஒரு சிறு நிறுவனம் தொடங்கினார்கள். பிரையன் ப்ளூம் 2,000 டாலர் போட்டுச் சேர்ந்துகொண்டார். 1974 ஜனவரியில் ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு புத்தகங்கள், விலை 10 டாலர். அச்சிட்டது 1,000 பிரதிகள். ஒரு வருடத்துக்குள் எல்லாம் தீர்ந்தன.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இங்கே நடந்தது தலைகீழ். கறி ஏற்கெனவே வெந்து, பரிமாறி, நன்றாக இருக்கிறது என்று சாப்பிட்டவர்களும் சொல்லியாகிவிட்டது. ஏட்டில்தான் இல்லை. ஏட்டில் எழுதாவிட்டால் அந்தச் சுவை செயின்ட் பாலைத் தாண்டி இருக்காது. எழுதியபோதும் அது முழுமையாக இல்லை. செயின்மெயில் புத்தகமும், 'அவுட்டோர் சர்வைவல்' என்ற வேறொரு ஆட்டத்தின் வரைபடமும் கையில் இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்த விதிகள் அவை. இல்லாததை நீங்களே உருவாக்கிக்கொள்ளுங்கள் என்ற தொனியில்தான் புத்தகமும் முடிந்தது.

வாசகர்கள் அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டார்கள். அரிசோனாவில் கென் செயின்ட் ஆண்ட்ரே, இந்த விதிகள் குழப்புகின்றன, விசித்திரப் பகடைகள் வேண்டாம் என்று சாதாரண ஆறு பக்கப் பகடையை மட்டும் வைத்து 1975-இல் 'டனல்ஸ் அண்ட் டிரால்ஸ்' வெளியிட்டார். கலிஃபோர்னியாவில் ஸ்டீவ் பெர்ரின், இடைக்கால உடையில் பிரம்புக் கத்திகளோடு நிஜமாகவே சண்டை பழகும் ஒரு சங்கத்தைச் சேர்ந்தவர். வாளைத் தடுப்பது என்பதே விதியில் இல்லையே என்று அவருக்கு உறுத்தல். சண்டை விதிகளைத் திருத்தி 1976-இல் நண்பர்களிடையே பரப்பினார். 1978-இல் வந்த 'ரூன்குவெஸ்ட்' ஆட்டத்தில் தடுப்பதற்குத் தனி உருட்டல், அடி கையில் விழுந்ததா காலில் விழுந்ததா என்பதற்குத் தனி உருட்டல்!

விதி யாருடையது?

நண்பர்கள் கூடி உருவாக்கியது பணமாக மாறியதும் கேள்வி எழுந்தது. 1974 பெட்டியில் கைகாக்ஸ், ஆர்னெசன் இருவர் பெயரும் இருந்தன. 1977 முதல் 1979 வரை வந்த 'அட்வான்ஸ்ட்' புத்தகங்கள் கைகாக்ஸ் பெயரில் மட்டும் வந்தன. இந்த வரிசையை ஆடுபவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி, எழுதியபடியே ஆட வேண்டும் என்றும் கைகாக்ஸ் வலியுறுத்தத் தொடங்கினார். மாற்றி மாற்றி ஆடியதால் பிறந்த ஆட்டத்தை, இனி மாற்றாதே என்று சொன்ன முரண் அது.

ஆர்னெசன் 1979-இல் வழக்குத் தொடர்ந்தார். 1981-இல் சமரசமானது. இருவருமே இணைப் படைப்பாளிகள் என்று ஏற்கப்பட்டது. கைகாக்ஸ் 2008-இலும் ஆர்னெசன் 2009-இலும் காலமானார்கள். யார் பங்கு எவ்வளவு என்று ரசிகர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள்.

இந்தச் சண்டையில் ஒரு பக்கம் மட்டும் நிற்பது கடினம். மேசையருகே உட்கார்ந்து, நண்பனின் முகம் வாடுவதைப் பார்த்து விதியை மாற்றியவர் ஆர்னெசன். ஆனால் அப்படிப்பட்ட மாற்றம் காகிதத்தில் தடம் விடாது. அவருடைய பிளாக்மூர் குறிப்புகளே 1977-இல்தான் தனிப் புத்தகமாக வந்தன, அதுவும் வேறொரு பதிப்பகம் மூலமாக. அந்த விதியை யாரும் எங்கும் ஆடலாம் என்று ஆக்கியவர் கைகாக்ஸ். எழுதியவருக்குப் பெயர் எளிதில் கிடைக்கும். 'என் ஆள் இப்படிச் சாகக்கூடாது' என்று முதலில் முணுமுணுத்த நண்பருக்கு? அவரும் அந்த விதியில் ஒரு பங்காளிதான்.

இதே கேள்வி 2023-இல் மறுபடி வந்தது. மற்றவர்களும் இந்த விதிகளைப் பயன்படுத்தி ஆட்டங்கள் வெளியிடலாம் என்று 2000-இல் கொடுத்த பொது உரிமத்தை, ஆட்டத்தின் இப்போதைய உரிமையாளரான விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் கடுமையாக்க முயன்றது. ஆடுபவர்கள் கொதித்தெழுந்தார்கள். அந்த ஜனவரி மாத முடிவுக்குள்ளேயே நிறுவனம் பின்வாங்கி, அடிப்படை விதிகளின் தொகுப்பை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டது.

புத்தகத்துக்கு உரிமையாளர் உண்டு. இருந்தாலும் எங்கோ ஒரு மேசையில், இந்த நிமிடமும், ஒரு நடுவர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு 'சரி, உன் ஆள் சாகவில்லை, மயங்கித்தான் கிடக்கிறான்' என்று சொல்லிக்கொண்டிருப்பார். 1971-இல் அந்த நிலவறையில் நடந்ததும் அதுதான்.